ஒரே சாவியும் ஆயிரம் வாசகரும்

கண்டியில் இன்று ஒரு மாணவன் கலித்தொகையைக் கையிலெடுத்துப் படிக்கின்றான் என்றால், அவன் நன்றி கூறவேண்டியவர் இரு திறத்தார். ஒரு திறத்தார் அப்பாக்களைப் பாடிய புலவர்கள். மற்றொரு திறத்தார் அவற்றை ஏட்டிலிருந்து மீட்டு அச்சிலேற்றிய பதிப்பாசிரியர்கள். சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887ஆம் ஆண்டில் அந்நூலைப் பதிப்பித்தபோது, தம்முடையதென ஓரடியையும் அதிற் சேர்த்தாரல்லர். ஒரு சமயத்தில் ஒருவர் மட்டுமே அவிழ்த்துப் பார்க்கக்கூடிய சுவடியை, ஆயிரம்பேர் ஒருங்கே படிக்கும் புத்தகமாக்கினார். அவர் செய்தது அவ்வளவே. ஆனால் அவ்வளவையும் செய்ய ஒருவர் இல்லாதிருந்தால் புலவர் பாடியும் பயனென்ன?

விஞ்ஞான உலகிலும் இவ்விரு திறத்தார் உளர். புதியதைக் கண்டுபிடிப்பவர்களை உலகம் கொண்டாடுகின்றது. கண்டவற்றைப் பலரும் எளிதிற் படிக்கும்படி ஒழுங்குசெய்து தருவோரை அது பெரும்பாலும் கேட்டறிவதுமில்லை. அத்தகைய பதிப்பாசிரியர் ஒருவர் நமது பேராதனையிற் பயின்று வெளிவந்திருக்கின்றார். அவர் கலாநிதி ஹசிந்து கமாரச்சி அவர்கள். அவர் பதிப்பிக்கும் பொருள் பனையோலையன்று. உயிர்களின் மரபணுப் பதிவு. அவரது அச்சகம் கணினி.

பேராதனைக்கு இத்தகைய பணி புதியதன்று. 1821ஆம் ஆண்டிலிருந்து அங்கே நிலைபெற்றிருக்கும் தாவரவியற் பூங்காவில், இலங்கையின் செடிகொடிகளைச் சேர்த்து, உலர்த்தி, பெயரிட்டு, வரிசைப்படுத்தி வைத்தவர் பலர். ஹென்றி டிரைமன் என்னும் அறிஞர் 1893இல் வெளியிடத் தொடங்கிய இலங்கைத் தாவர நூலை முடிக்குமுன் 1896இல் மறைந்தார். விட்ட இடத்திலிருந்து ஜோசப் ஹூக்கர் அதனைத் தொடர்ந்து 1900இல் நிறைவு செய்தார். ஒருவர் சேர்த்து வைத்ததை மற்றொருவர் எடுத்து நடத்தக்கூடியதாக ஒழுங்குற வைத்திருந்தமையாலன்றோ அது கைகூடிற்று!

அப்பூங்காவுக்கு அணித்தே, மகாவலி கங்கையின் கரையில் அமைந்த பொறியியற் பீடத்திலே கணினிப் பொறியியல் பயின்றவர் கமாரச்சி. பின்னர் அவுஸ்திரேலியாவின் சிட்னி நகருக்குச் சென்று, நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்திலே பேராசிரியர் ஸ்ரீ பரமேஸ்வரன் முதலியோருடன் சேர்ந்து ஆராய்ந்தார். அந்நகரின் கார்வன் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்திலும் அவரது பணி தொடர்ந்தது.

அவர் எடுத்துக்கொண்ட சிக்கல் யாது? மனித உடலின் பெரும்பாலான உயிரணுக்களில் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழையுண்டு. நான்கே எழுத்துக்களால் எழுதப்பட்ட ஏடு அது என்று கொள்ளலாம். மனிதனுடைய ஏட்டில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துக்கள் உள்ளன. ஒக்ஸ்போர்ட் நனோபோர் என்னும் ஆங்கில நிறுவனம் உள்ளங்கையில் அடங்கும் கருவியொன்றால் இதனைப் படிக்கின்றது. மிக நுண்ணிய துளையொன்றினூடே இழை நழுவிச் செல்லும்போது, அத்துளையின் வழியே பாயும் மின்னோட்டம் எழுத்துக்கேற்பக் கூடியும் குறைந்தும் மாறும். அம்மாற்றத்தை வினாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை கருவி பதிந்து வைக்கும். அந்த அலைக்கோட்டிலிருந்து எழுத்தை ஊகித்தறிவது கணினியின் வேலை.

எழுத்துக்களைப் பிரித்தெடுத்த பின்னர் அலைக்கோட்டை எறிந்துவிடலாமே எனின், அது தகாது. நல்ல பதிப்பாசிரியன் பாடபேதம் பார்க்க மீண்டும் மூல ஏட்டிற்கே செல்கின்றானல்லவா? மேலும் டி.என்.ஏ. எழுத்துக்கள் சிலவற்றின்மேல் மெதைல் எனப்படும் சிறு வேதிக்குறிகள் ஒட்டியிருப்பதுண்டு. பழைய ஏடெழுதுவோர் மெய்யெழுத்திற்குப் புள்ளியிடாமல் விட்டமையால், படிப்பவன் பொருளறிந்து புள்ளியை ஊகிக்க வேண்டியிருந்ததை நாம் அறிவோம். அப்புள்ளி போன்றவை இக்குறிகள். எழுத்து மாறாதிருப்பினும், இவை இருக்கும் இடம் மாறினால் மரபணு தொழிற்படும் விதம் மாறும். புற்றுநோயாராய்ச்சியில் இவற்றிற்குப் பெரிய இடமுண்டு. இக்குறிகளைக் கண்டறிய மூல அலைக்கோட்டையே மீண்டும் ஆராய வேண்டும்.

அங்கேதான் தடை நேர்ந்தது. அலைக்கோடுகளை அந்நிறுவனம் ஃபாஸ்ட்5 என்னும் கோப்பு வடிவத்தில் இட்டு வைத்தது. ‘ஃபாஸ்ட்’ என்றால் வேகம். அது எச்.டி.எஃப்.5 என்னும் பொதுவான பெரும் பேழையை அடிப்படையாகக் கொண்டது. அப்பேழை வேறு பல துறைகளில் நன்கு உழைப்பதே. ஆயினும் அதற்கொரு குணமுண்டு. ஒரு நூலகத்தில் ஆயிரம் வாசகர் காத்திருக்க, அலுமாரிக்கு ஒரே சாவி இருப்பதாக எண்ணுங்கள். ஒருவர் திறந்து, எடுத்து, பூட்டிச் சாவியைக் கொடுத்தபின்னரே அடுத்தவர் எடுக்கலாம். வாசகர் தொகையைக் கூட்டினால் வரிசை நீளுமேயன்றி வாசிப்பு விரையாது. இன்றைய பெருங்கணினியில் பல செயலிகள் ஒரே வேளையில் உழைக்க வல்லவை. ஆயினும் இப்பேழையின் முன்னே அவை கைகட்டி நின்றன.

பலரும் இதற்கு மேலும் விலையுயர்ந்த கணினியை நாடியிருப்பர். கமாரச்சியும் அவருடைய தோழர்களும் பேழையையே மாற்றினர். ஒவ்வொரு பதிவும் தனித்தனி வரியாய், யாரும் எவ்விடத்திலிருந்தும் மற்றவரைக் காத்திராது எடுக்கக்கூடியதாய், எளிய வடிவமொன்றை அமைத்தனர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘ஸ்லோ5’. ‘ஸ்லோ’ என்றால் மந்தம்! வேகமென்று பெயர் பெற்றது காத்துக் கிடக்க, மந்தமென்று பெயர் பெற்றது முந்திச் சென்ற வேடிக்கையைக் காணும்போது, முயலும் ஆமையும் ஓடிய பழங்கதை நினைவுக்கு வருகின்றது.

2022ஆம் ஆண்டு தொடக்கத்தில் ‘நேச்சர் பயோடெக்னாலஜி’ என்னும் ஆராய்ச்சி இதழில் இவ்வேலை வெளியாயிற்று. ஒரு மனிதனுடைய மரபணு முழுவதிலும் மேற்சொன்ன வேதிக்குறிகளைக் கண்டறிய, பழைய வடிவத்தில் இரண்டு வாரங்களுக்கு மேல் சென்ற கணக்கீடு, புதிய வடிவத்தில் ஏறத்தாழ 10.5 மணித்தியாலத்தில் முடிந்தது. கோப்பின் பருமனும் ஏறக்குறைய 25 விழுக்காடு குறைந்தது. நோயாளி ஒருவர் முடிவுக்காகக் காத்திருக்கும் வேளையில், இரண்டு வாரத்திற்கும் ஒரு பகலுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கவும் வேண்டுமோ?

வேகத்தினும் பெரிதாய் எனக்குத் தோன்றுவது, சிறிய பொறியுடையவனை இவர் மறவாமை. ஹெங் லீ என்னும் அறிஞர் ஆக்கிய ‘மினிமாப்2’ என்னும் மென்பொருள் மரபணுத் துண்டுகளை மூலத்தோடு ஒப்பிட்டு இடங்காணுவது. மனித மரபணுவுக்கு அது பெரிய நினைவகத்தை வேண்டிற்று. மூலத்தைப் பகுதிகளாகப் பிரித்து ஒப்பிட்டு, விடைகளைப் பிழையின்றி ஒன்றுசேர்க்கும் முறையை 2018இல் கமாரச்சி எழுதி அளித்தார். அது மூல மென்பொருளிலேயே சேர்த்துக்கொள்ளப்பட்டது. அதனால் 2 கிகாபைட் நினைவகமுள்ள சிறு கணினியிலும் அவ்வேலை நடைபெறலாயிற்று. பிறர் கட்டிய வீட்டிற்கு, ஏழையும் நுழையத் தக்க ஒரு வாயிலை வைத்துக் கொடுத்தார் என்பது பொருந்தும்.

2020இல் அம்முயற்சி மேலும் ஒருபடி சென்றது. பேராதனையிலே கணினிப் பொறியியல் பயின்ற ஹிருண சமரகோனும் அவர் தோழர்களும், பேராசிரியர் ரொஷான் ராகல், கமாரச்சி முதலியோருடன் கூடி ‘ஜெனோபோ’ என்னும் கைத்தொலைபேசிச் செயலியை ஆக்கினர். ஒன்பது நோயாளரிடமிருந்து பெற்ற கொரோனாக் கிருமியின் மரபணுப் பதிவுகளை அது சாதாரணக் கைத்தொலைபேசிகளில் ஆராய்ந்தது. ஒவ்வொன்றுக்கும் அரை மணித்தியாலத்திற்கும் குறைந்த நேரமே சென்றது. ஆராய்ச்சிக் கூடமற்ற சிற்றூர் வைத்தியசாலைகளை மனத்திற்கொண்டு நோக்கினால் இதன் அருமை புலனாகும்.

இவற்றையெல்லாம் இவர்கள் விலைக்கு விற்றாரல்லர். மூலவரிகள் யாவும் திறந்த புத்தகமாய் இருக்கின்றன. எவரும் எடுத்தாளலாம்; திருத்தலாம்; பிறருக்கு வழங்கலாம். பழைய வடிவத்திலிருந்து புதியதற்கும், புதியதிலிருந்து பழையதற்கும் ஒன்றும் குறையாது மாற்றும் கருவியும் உடன் உண்டு. பின்னர் அந்நிறுவனம் தானும் ‘பாட்5’ என்ற வேறு வடிவத்தைக் கொண்டுவந்தது. அதற்கும் இதற்கும் இடையே மாற்றித்தரும் கருவியையும் இக்குழுவினரே செய்து வைத்தனர். போட்டியிலே வெல்வதைக் காட்டிலும், எவருடைய பதிவும் ஒரு பெட்டிக்குள் அகப்பட்டுப் படிக்கப்படாமற் போகக்கூடாதென்பதே அவர்கள் கருத்தெனத் தெரிகின்றது. ஏட்டைக் கறையான் அரிப்பது ஒருவகை அழிவு. ஏடு முழுதாய் இருக்கவும் திறப்பாரின்றிக் கிடப்பது மற்றொருவகை அழிவு.

இதிலே நமக்கொரு வருத்தமும் உண்டு. மகாவலிக் கரையில் முளைத்த விதை சிட்னியிலேதான் மரமாயிற்று. ஆராய்ச்சிக்கு வேண்டிய பொருளும் கருவியும் அங்கிருப்பதால், நம் பிள்ளைகள் அங்கே செல்கின்றனர். அவர்களைக் குறை கூறுவது முறையன்று. ஆயினும் இவ்வகை வேலைக்கென்று ஒரு தனிச்சிறப்புண்டு: அதன் விளைவு கடல்தாண்டித் தங்கிவிடுவதில்லை. சிட்னியில் எழுதிய வரியைப் பேராதனை மாணவன் அன்றே எடுத்துப் படிக்கலாம். அதிற் பிழை கண்டால் திருத்தியும் அனுப்பலாம். திருத்தம் தக்கதாயின் அவன் பெயரும் அங்கே பதியப்பெறும்.

ஆசிரியப் பெருமக்கள் இங்கே ஒன்றைச் சிந்திக்கவேண்டும். மாணவன் ஒருவன் தானே புதிதாய் ஒன்று படைத்தால் நாம் பரிசளிக்கின்றோம். பிறர் படைத்ததில் ஒரு தடையை நீக்கி, அதனைப் பத்துப் பேருக்குப் பயன்படச் செய்தானாயின், அதையும் கல்வியென்று மதிக்கின்றோமா? பதிப்புப் பணியைப் புலமையென்று ஏற்றுக்கொள்ளத் தமிழுலகம் கற்றுக்கொண்டது. கணினித் துறையிலும் அக்கண் நமக்கு வேண்டும். தாமோதரம்பிள்ளை அவர்கள் நாட்டிலே பிறந்த நாம், பூட்டைத் திறந்து சாவியைப் பொதுவில் வைப்பவனை அடையாளங்காணத் தவறுவது அழகன்று.