கை விழுந்தால் தலையை ஏன் ஸ்கேன் எடுக்கிறார்கள்?

"கைதானே விழுந்துபோச்சு, தலையை எதுக்கு ஸ்கேன் எடுக்கறாங்க?" வில்லியனூர் டீக்கடையில் ஒரு பெரியவர் கேட்டார். அவர் தம்பிக்குப் பக்கவாதம். வலது கையும் வலது காலும் வரவில்லை, பேச்சும் நின்றுவிட்டது. கடையிலிருந்த மற்றவர்களுக்கும் அதே சந்தேகம் இருந்ததால் இன்னொரு டீ சொல்லிவிட்டு நிதானமாகப் பேசினோம்.

உங்கள் தம்பியின் கையில் ஒரு குறையும் கிடையாது பெரியப்பா. எலும்பு, சதை, நரம்பு எல்லாம் சரியாகவே இருக்கின்றன. 'தூக்கு' என்று அந்தக் கைக்கு உத்தரவு போடுகிற இடம் மூளையில் இருக்கிறது, அங்கேதான் பழுது. அதுவும் இடப்பக்க மூளையில். மூளையிலிருந்து கை கால்களுக்கு இறங்கும் நரம்பு நார்களில் பெரும்பாலானவை, கழுத்துக்கு மேலே முகுளம் என்ற பகுதியில் எதிர்ப்பக்கம் மாறிவிடுகின்றன. அதனால் இடது மூளை அடிபட்டால் வலது கை விழும், வலது மூளை அடிபட்டால் இடது கை விழும்.

பேச்சு ஏன் போனது என்பதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காலம் அது. பாரீஸ் பக்கத்தில் பிசேத்ர் மருத்துவமனையில் லெபோர்ன் என்ற நோயாளி 21 ஆண்டுகள் கிடந்தார். எதைக் கேட்டாலும் அவர் வாயில் வந்தது 'தான்' என்ற ஒரே ஒலி. மற்றவர்கள் சொல்வது அவருக்குப் புரிந்தது. 1861இல் அவர் இறந்ததும் போல் புரோக்கா என்ற மருத்துவர் மூளையை எடுத்துப் பார்த்தார். இடது முன்மடலில், நெற்றிப்பொட்டுக்கு உள்ளே, ஓரிடம் சிதைந்திருந்தது. பேச்சை உருவாக்கும் அந்த இடத்துக்கு இன்றும் புரோக்கா பகுதி என்றுதான் பெயர். பெரும்பாலானவர்களுக்கு அது இடப்பக்கத்திலேயே இருக்கிறது. வலது கை விழுவதும் பேச்சு போவதும் பல நேரம் சேர்ந்து வருவது அதனால்தான். இன்னொன்றையும் வீட்டில் சொல்லி வையுங்கள்: பேச முடியாத சிலரால் தெரிந்த பாட்டைப் பாட முடியும். அதைக் கேட்டுவிட்டு 'வேணும்னே பேசாம இருக்கான்' என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். பாட்டுக்கு மூளையின் வேறு இடங்களும் உதவுகின்றன.

தொடு உணர்ச்சிக்கும் இப்படி ஒரு வரைபடம் உண்டு. கனடாவின் மான்ட்ரியல் நகரில் வைல்டர் பென்ஃபீல்டு என்ற அறுவை மருத்துவர், நோயாளி விழித்திருக்கும்போதே மூளையின் மேற்பரப்பில் மெல்லிய மின்சாரம் வைத்துப் பார்த்தார். மூளைக்கு வலி தெரியாது. ஓரிடத்தில் வைத்தால் விரல் கூசியது, அடுத்த இடத்தில் உதடு கூசியது. கைக்கும் உதட்டுக்கும் நாக்குக்கும் பெரிய இடம்; அகலமான முதுகுக்குச் சின்ன இடம்தான். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன் 1990களில் இதையே வேறு வழியில் காட்டினார். கை வெட்டப்பட்டவர்களில் சிலருக்குக் கன்னத்தைத் தொட்டால், இல்லாத விரலைத் தொட்டதாகத் தோன்றியது. மூளையில் முகத்தின் இடம் கையின் இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வேலையில்லாமல் போன கையின் இடத்துக்கு முகத்தின் செய்தி வந்து சேர்ந்துவிட்டது என்பது அவர் விளக்கம்.

இப்போது ரத்த ஓட்டத்துக்கு வருவோம். ஏறத்தாழ 1.4 கிலோ எடையுள்ள மூளை, உடம்பு செலவிடும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. பாகூர் ஏரிப் பாசனத்தில் எந்த மதகு அடைத்திருக்கிறது என்பதை, எந்த வயல் காய்கிறது என்று பார்த்தே சொல்லிவிடுவீர்கள் இல்லையா? மருத்துவரும் அப்படித்தான் கணக்குப் போடுகிறார். முகமும் கையும் அதிகமாக விழுந்திருந்தால், மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் நடுத்தமனியில் அடைப்பு. கால் மட்டும் அதிகமாக விழுந்திருந்தால் முன்தமனியில். பின்தமனி அடைத்தால் பார்வையில் ஒரு பாதி மறைந்துபோகும், ஏனென்றால் பார்வையைப் புரிந்துகொள்ளும் இடம் பிடரிப் பக்கம் இருக்கிறது. அப்படிப்பட்டவர் கண் மருத்துவமனைக்குப் போனால் கண்ணில் ஒரு கோளாறும் தெரியாது.

வலது மூளையின் உச்சிப் பகுதி பாதிக்கப்பட்டவரைப் பார்த்தால் வீட்டார் பயந்தே போவார்கள். இலையில் வலது பாதிச் சோற்றை மட்டும் சாப்பிட்டு, இடது பாதியை அப்படியே விட்டுவிடுவார். தன் இடது கையைக் காட்டி 'இது யார் கை?' என்றுகூடக் கேட்பார். காத்து கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப்போக வேண்டாம். இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே அவர் கவனத்தில் இல்லை, அவ்வளவுதான்.

நம் ஊரில் எனக்கு மிகவும் கவலை தருவது சிறுமூளைப் பக்கவாதம். தலையின் பின்புறம் கீழே இருக்கும் சிறுமூளை, நடையையும் நிலையையும் சீராக்குகிறது. அதில் ரத்தம் தடைபட்டவர் தள்ளாடுவார், நாக்கு குழறும், வாந்தி எடுப்பார். சாராயக்கடை இல்லாத தெரு குறைந்த நம் பக்கத்தில், 'போதை, தெளிஞ்சதும் எழுந்துருவான்' என்று திண்ணையில் படுக்கவைத்துவிடுகிறோம். சிறுமூளை வீங்கி, அருகிலுள்ள மூளைத்தண்டை அழுத்தினால் உயிரே போய்விடும். மூச்சு, இதயத் துடிப்பு, விழுங்குவது எல்லாம் அங்கிருந்துதான் நடக்கின்றன. திடீரென்று தள்ளாடுகிறவர் குடித்திருந்தாலும் சரி, மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

சரி, ஸ்கேன் எதற்கு? பக்கவாதம் இரண்டு வழியில் வரும். ரத்தக்குழாய் அடைத்தும் வரும், வெடித்துக் கசிந்தும் வரும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அடைப்பு என்றால் ரத்தக்கட்டியைக் கரைக்க ஊசி உண்டு. அதைக் கசிவு உள்ளவருக்குப் போட்டால் ஆபத்து. எது என்று சி.டி. ஸ்கேன்தான் காட்டும். அந்த ஊசியை வழக்கமாக, அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். பெரிய தமனி அடைத்திருந்தால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த நேரத்தில் புறா ரத்தம் பூசுவதும், எண்ணெய் தேய்ப்பதும், கஷாயம் புகட்டுவதும் நாம் தெரியாமல் செய்கிற கொடுமை. விழுங்கும் சக்தி போனவருக்கு வாயில் ஊற்றினால் அது நுரையீரலுக்குள் இறங்கும். ஒரு மடக்குத் தண்ணீரும் வேண்டாம்.

வாய் ஒரு பக்கம் கோணினாலோ, இரண்டு கையையும் தூக்கும்போது ஒன்று கீழே இறங்கினாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108ஐக் கூப்பிடுங்கள். சிறிது நேரத்தில் சரியாகிவிட்டாலும் போயே ஆக வேண்டும். பெரிய தாக்குதலுக்கு முன்னறிவிப்பாக அது இருக்கலாம். வில்லியனூரிலிருந்து கோரிமேடு ஜிப்மர் மருத்துவமனை தொலைவில்லை, அங்கே நரம்பியல் துறை இருக்கிறது. பாகூரிலிருந்து கிளம்புகிறவர்கள், ஸ்கேன் வசதி எங்கே பக்கம் என்று இன்றைக்கே விசாரித்து வையுங்கள். ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் மாத்திரையை நிறுத்த வேண்டாம். நோயாளி கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொண்டு போங்கள். மருத்துவர் அதைத்தான் முதலில் கேட்பார்.