குரலுக்கும் மூப்பு உண்டு

இறைவன் மனிதருக்கு அளித்துள்ள இசைக்கருவிகளுள் தலையாயது குரல். வீணையின் நரம்பு அறுந்தால் வேறு நரம்பு கட்டலாம். குரலுக்கு அவ்வாறு செய்ய இயலாது. கண்ணுக்கும் காலுக்கும் வருவதைப் போல அதற்கும் மூப்பு வருகிறது. ஆயினும் எழுபது வயதைக் கடந்த பாடகர் ஒருவரின் புதிய பாட்டை வானொலியிலோ கைப்பேசியிலோ கேட்கும்போது பல வேளைகளில் அந்த மூப்பை நாம் உணர்வதே இல்லை! இது எவ்வாறு நிகழ்கிறது? ஒலிப்பதிவுக் கூடத்திற்குள் சற்று எட்டிப் பார்ப்போம்.

முதலில், குரல் ஏன் தளர்கிறது? நம் குரல்வளையில் இரண்டு குரல் நாண்கள் இருக்கின்றன. நாம் பேசும்போது மூச்சுக்காற்றினால் அவை பெண்களுக்கு நொடிக்கு ஏறக்குறைய 200 முறையும், ஆண்களுக்கு 100 முதல் 120 முறையும் அதிர்கின்றன. முதுமையில் அவற்றின் தசை மெலிகிறது. மேலுள்ள மெல்லிய சவ்வு வறள்கிறது. நுரையீரலின் வலுவும் குறைகிறது. ஆகவே மேல் ஸ்தாயி எட்டுவதில்லை. நீண்ட அடியை ஒரே மூச்சில் பாட முடிவதில்லை. அசையாமல் நிற்க வேண்டிய ஸ்வரம் நடுங்குகிறது.

தென்காசிக்கு அருகிலுள்ள செங்கோட்டையில் 1906-ஆம் ஆண்டு பிறந்தவர் எஸ். ஜி. கிட்டப்பா. மைக் இல்லாத நாடக மேடையில் நின்று, கடைசி வரிசையில் இருப்பவருக்கும் கேட்கும்படி பாடிய மேதை அவர். 1933-இல், 27 வயதிலேயே மறைந்தார். அவருடைய குரல் மூப்பை அறியவில்லை. அவர் மனைவி கே. பி. சுந்தராம்பாளோ 1953-இல் 'ஔவையார்', 1965-இல் 'திருவிளையாடல்', 1973-இல் 'காரைக்கால் அம்மையார்' என்று அறுபது வயதைத் தாண்டியும் திரைப்படங்களில் பாடினார். 1980-இல் காலமானார். பிசகிய சுருதியைத் தானே திருத்தும் கருவி அவர் காலத்தில் இல்லை. பாடியது பாடியதுதான், பிழை நேர்ந்தால் மீண்டும் பாட வேண்டும்.

இன்றோ முதிய குரலுக்குத் துணைகள் பல உண்டு.

முதலாவது, சுருதியை இறக்குதல். இளமையில் ஐந்து கட்டையில் பாடியவருக்கு மூன்று கட்டையில் மெட்டமைத்தால், எட்டாத ஸ்வரமும் எட்டிவிடும்.

இரண்டாவது, பகுதி பகுதியாகப் பாட வைத்தல். ஒரே அடியை ஐந்தாறு முறை பாடச் செய்து, ஒவ்வொன்றிலும் நன்றாக அமைந்த சொற்களை மட்டும் எடுத்து, ஒட்டுத் தெரியாமல் கம்ப்யூட்டரில் இணைத்துவிடுகிறார்கள். நடுவில் மூச்சு வாங்கியது நமக்குத் தெரிவதே இல்லை.

மூன்றாவது, மைக்கை நெருக்கி வைத்தல். குற்றாலத்தில் பேரருவியின் அடியில் நிற்கும்போது பக்கத்தில் இருப்பவரிடமும் கத்தித்தான் பேச வேண்டும். விலகி வந்துவிட்டால் மெல்லப் பேசினாலே போதும். அதுபோல, வாயருகே மைக் இருந்து, பின்னணி வாத்தியங்களும் அடங்கி ஒலித்தால், மெலிந்த குரலும் தெளிவாகக் கேட்கும். ஓங்கியும் தாழ்ந்தும் வரும் ஓசையைச் சமப்படுத்தவும் கருவி உண்டு.

நான்காவது, எதிரொலி. திறந்த மைதானத்தில் வறண்டு ஒலிக்கும் பாட்டு, உயர்ந்த கூரையுள்ள தேவாலயத்தில் உருண்டு திரண்டு ஒலிப்பதை நாம் அறிவோம். அந்தத் தேவாலயத்தையே ஒரு கருவிக்குள் அடக்கி வைத்திருக்கிறார்கள் எனலாம்! நடுக்கமும் இடைவெளியும் அதில் ஓரளவு மறைந்துவிடும். இளம் குரல்களைக் கோரஸாகச் சேர்ப்பதும் இதற்கு உதவும்.

ஐந்தாவது, சுருதித் திருத்தம். பூமியின் அடியில் எண்ணெய் இருப்பதை அறிய ஒலி அலைகளை ஆராய்ந்து வந்த ஆண்டி ஹில்டிபிராண்ட் என்ற அமெரிக்கர், அந்தக் கணக்கறிவைக் கொண்டு 1997-இல் 'ஆட்டோ-டியூன்' என்ற முறையை வெளியிட்டார். மாணவியின் கட்டுரையை ஆசிரியை சிவப்பு மையால் திருத்துவது போல, பிசகிய ஸ்வரத்தை இது உரிய இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

இத்தனை இருந்தும், கருவியால் ஆகாதது ஒன்று உண்டு. அதுதான் பாவம், சொல்லின் பொருளை உணர்ந்து பாடும் பாங்கு. 2010-இல் கோவையில் நடைபெற்ற உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டுப் பாடலை ஏ. ஆர். ரகுமான் பல பாடகர்களுக்குப் பகிர்ந்தளித்தார். எண்பத்தைந்து வயதைக் கடந்த டி. எம். சௌந்தரராஜனும் அவர்களுள் ஒருவர். 2014-இல் 'வேலையில்லா பட்டதாரி' படத்தில் தாயைப் பற்றிய பாட்டைப் பாடியபோது எஸ். ஜானகிக்கு வயது 76. அமெரிக்கப் பாடகர் ஜானி கேஷ் தம் எழுபதாம் வயதில், 2002-இல், வெளியிட்ட பாட்டுகளில் தளர்ந்த குரலை மறைக்காமல் முன்னால் நிறுத்தினார்கள். அந்தத் தளர்ச்சியே கேட்டவர் உள்ளத்தை உருக்கிற்று.

2024-இல் 'லால் சலாம்' படத்திற்காக, மறைந்த பாடகர்களான பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவினால் ரகுமான் மீண்டும் ஒலிக்கச் செய்தார். அவர்கள் குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று, உரிய ஊதியமும் அளித்ததாகத் தெரிவித்தார். குரல் ஒருவரது உடைமை. அதை இரவல் வாங்கவும் அனுமதி வேண்டும் என்ற நெறியை நாம் இங்கே கவனிக்க வேண்டும்.

அவ்வாறாயின் இக்கருவிகள் நல்லவையா, தீயவையா? முதியவருக்கு மூக்குக்கண்ணாடி தருவதை எவரும் குறை கூறுவதில்லை. ஆனால் கண்ணாடி வேறு, முகமூடி வேறு. உள்ள குரலுக்குக் கைகொடுப்பது உதவி. இல்லாத குரலை இருப்பதாகக் காட்டுவது ஏமாற்று.

இதில் நமக்கும் பாடம் உண்டு. திருத்தி மெருகேற்றிய பாட்டுகளையே நாள்தோறும் கேட்டுப் பழகிய நம் செவிக்கு, இயல்பான குரல் குறையுள்ளதாகத் தோன்றத் தொடங்குகிறது. "எனக்குக் குரல் நன்றாக இல்லை" என்று மாணவியர் சிலர் பாட மறுப்பதற்கும், பாடற்குழுவில் முதியவர்கள் மெல்லப் பின்வரிசைக்கு ஒதுங்குவதற்கும் இதுவும் ஒரு காரணம் அன்றோ? திருப்பலியில் பாடுவதற்கு எந்தக் கருவியின் திருத்தமும் தேவையில்லை. பாட்டியின் குரல் மேல் ஸ்தாயியை எட்டவில்லை என்றால், அவரை நிறுத்தச் சொல்ல வேண்டாம்; நாம் ஒரு கட்டை இறக்கிப் பாடுவோம். எல்லாரும் சேர்ந்து பாடலாம்.