குற்றக் கணக்கும் நகர்களின் காப்பும்

ஒரு நகரிற் குடியேற எண்ணுவோரும், இடமாற்றம் பெற்று அங்குச் செல்லும் உத்தியோகத்தரும், மகளை அங்குள்ள கல்லூரிக்கு அனுப்ப விழையும் பெற்றோரும் முதற்கண் வினவுவது, அவ்வூர் அச்சமின்றி வாழ்தற்கு உரியதோ என்பதேயாகும். இவ்வினா இன்று தோன்றியதன்று. திருவள்ளுவர் நாட்டின் இலக்கணம் வகுக்குமிடத்து, விளைவையும் செல்வத்தையும் கூறி அமைந்தாரல்லர். பிளவுபட்ட கூட்டங்களும், உள்ளிருந்தே கெடுக்கும் பகையும், ஆள்வோர்க்கு இடர் செய்யும் கொடியோரும் இல்லாதிருத்தலையும் அவ்விலக்கணத்துட் சேர்த்தனர். அவர் குணத்தாற் கூறியதை இக்காலத்தார் எண்ணாற் கூற முயல்கின்றனர். இலட்சம் பேருக்கு இத்தனை கொலை, இத்தனை களவு என அட்டவணை வகுக்கப்படுகின்றது. அவ்வட்டவணையைக் கொண்டு நகர்கள் நல்லன என்றும் தீயன என்றும் வரிசைப்படுத்தப்படுகின்றன. அவ்வரிசை உண்மையை எவ்வளவிற் காட்டும், எவ்விடத்தில் மறைக்கும் என்பதை மாத்தளை மாவட்டத்துத் தம்புள்ளை நகரை முன்னிறுத்தி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குற்ற வீதம் என்பது ஒரு வகுத்தற் கணக்கின் ஈவேயாகும். ஓராண்டிற் பதிவான குற்றங்களின் தொகையைக் குடித்தொகையால் வகுத்து, வந்த ஈவை 100,000ஆற் பெருக்கினால் வீதம் பெறப்படும். இருபது இலட்சம் மக்கள் வாழும் ஒரு பெருநகரில் ஐம்பது கொலைகளும், ஓரிலட்சம் மக்கள் வாழும் ஒரு சிறு நகரில் ஐந்து கொலைகளும் நிகழ்ந்தன என எடுத்துக்காட்டாகக் கொள்வோம். தொகையை மட்டும் நோக்குவார்க்குப் பெருநகரே அஞ்சத்தக்கதாகத் தோன்றும். வகுத்துப் பார்ப்பின், பெருநகரின் வீதம் 2.5, சிறு நகரின் வீதம் 5 என்பது புலனாகும். வீதத்தின் பயன் இதுவே. ஆயின், வகுக்கப்படும் எண்ணும் வகுக்கும் எண்ணும் பிழையின்றி இருந்தாலன்றோ ஈவு பிழையின்றி இருக்கும்? ஆகவே எந்த அட்டவணையைக் கண்டாலும் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். எதனைக் குற்றம் என எண்ணினர்? யார் வந்து கூறியவற்றை எண்ணினர்? எத்துணைப் பேருக்கு அதனை வகுத்தனர்?

முதலாவது வினா சட்டத்தைப் பற்றியது. இலங்கையில் 1865ஆம் ஆண்டின் பொலிஸ் கட்டளைச் சட்டமும், 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக் கோவையும் இன்றைய குற்றக் கணக்கிற்கு அடிப்படையாயின. சட்டம் மாறும்போது மக்களின் இயல்பு மாறாமலே கணக்கு மாறுவதுண்டு. தற்கொலைக்கு முயலுதல் இந்நாட்டில் 1998ஆம் ஆண்டுவரை தண்டித்தற்குரிய குற்றமாயிருந்தது; அவ்வாண்டில் அது குற்றங்களின் நிரலினின்றும் நீக்கப்பட்டது. உயிரை வெறுத்தோரின் துயரம் அந்நாளில் நீங்கிற்று எனக் கொள்வார் எவருமிலர். நீங்கியது ஒரு குற்றப் பெயரே.

பொருட் களவிலும் இத்தகைய மாற்றம் உண்டு. பொலிஸ் அட்டவணையின் பாரிய குற்றங்களுள், 5,000 ரூபாவுக்கு மேற்பட்ட பொருளின் களவு நெடுங்காலம் இடம்பெற்றிருந்தது; மாடும் சைக்கிளும் களவாடப்படின் அவற்றின் பெறுமதி கருதப்படுவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாட்டுக் களவு இந்நாட்டு உழவர்க்குப் பெருந் தொல்லையாயிருந்ததை நினைப்பார்க்கு, இவ்விதியின் வேர் எங்குள்ளது என்பது விளங்கும். ஆனால், எல்லை ரூபாவால் வகுக்கப்படும்போது, விலைவாசி ஏறுந்தோறும் முன்னர்ச் சிறு களவாயிருந்தது பாரிய களவாகிவிடும். 2022ஆம் ஆண்டு செப்டெம்பரிற் கொழும்பின் விலைவாசி முன்னைய ஆண்டினும் ஏறக்குறைய 70 வீதம் உயர்ந்தது. அத்தகைய காலத்தில் எல்லையை மாற்றாதிருப்பின், கள்வர் பெருகாமலே பாரிய களவு பெருகியதாகக் காணப்படும்.

இரண்டாவது வினா முறைப்பாட்டைப் பற்றியது. குற்றத்தைப் புள்ளிவிவரத்தால் ஆராய்ந்தோருள் முன்னோடியாகிய பெல்ஜிய அறிஞர் அடோல்ப் கெத்தலே, தமது பெருநூலை 1835இல் வெளியிட்டார். குற்றங்கள் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரே அளவில் மீண்டும் மீண்டும் தோன்றுவதைக் கண்டு வியந்த அவரே, அறியப்பட்ட குற்றங்கள் நிகழ்ந்த குற்றங்களின் ஒரு பகுதியே என்பதையும் உணர்ந்திருந்தார். அப்பகுதி எல்லா ஊர்களிலும் ஒரே அளவினதாயிருப்பின் ஒப்பிடுதற்குத் தடையில்லை. அஃது அவ்வாறிருப்பதில்லை என்பதே இடர்ப்பாடு.

இந்தியாவின் கேரள மாநிலம் இதற்குத் தக்க சான்றாகும். மக்கட்டொகைக்கு ஏற்பப் பதிவான குற்றங்களை நோக்கின், கேரளம் பல ஆண்டுகளில் இந்திய மாநிலங்களுள் மிக உயர்ந்த இடங்களில் ஒன்றைப் பெற்றுள்ளது. ஆனால் அதே கேரளத்திற் கொலை வீதம் இந்தியாவின் சராசரியினும் மிகக் குறைவு. மக்கள் கற்றவராய்த் தயங்காது முறையிடுதலும், காவல் நிலையத்தார் முறைப்பாட்டை மறுக்காது பதிதலும் குற்றக் கணக்கை உயர்த்துகின்றன. முறையிட அஞ்சும் ஊரின் ஏடு வெறுமையாயிருத்தல் அவ்வூர்க்குப் பெருமையாகாது. இலங்கையில் 2015ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் நடத்திய ஆய்வில், பஸ்ஸிலும் புகையிரதத்திலும் பாலியற் தொந்தரவுக்கு உள்ளானதாகக் கூறிய பெண்கள் நூற்றுக்குத் தொண்ணூற்றுவர். பொலிஸாரின் உதவியை நாடியோர் நூற்றுக்கு நால்வரே. பொலிஸ் அட்டவணையை மட்டும் வாசிப்பவர், அந்த நால்வரைக் கண்டு ஏனையோரைக் காணாதவராவர். இக்குறையை நீக்கவே பிரித்தானியா முதலிய நாடுகளில் வீடுதோறும் சென்று, பொலிஸில் முறையிட்டாலும் முறையிடாவிட்டாலும் நேர்ந்ததைக் கூறுமாறு கேட்கும் வழக்கம் ஏற்பட்டது. பிரித்தானியாவில் அவ்வாய்வு 1982இல் தொடங்கிற்று.

மூன்றாவது வினாவே தம்புள்ளைக்குச் சிறப்பாக உரியது. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் பெருந்தெருவும், அம்பேபுசையிலிருந்து குருநாகல் வழியாகத் திருகோணமலை செல்லும் பெருந்தெருவும் கூடும் இடம் அந்நகர். அங்குள்ள குகைக் கோயில் 1991ஆம் ஆண்டு உலக மரபுரிமைத் தலங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. அதன் அயலிலுள்ள சிகிரியா 1982ஆம் ஆண்டே அச்சிறப்பைப் பெற்றது. 1999ஆம் ஆண்டு அங்கே பொருளாதார மத்திய நிலையம் திறக்கப்பட்டபின், நாட்டின் பல பாகங்களிலிருந்தும் மரக்கறி ஏற்றிய லொறிகள் இரவு பகலாக வந்து செல்கின்றன. 2001இற் சர்வதேசக் கிரிக்கெட் அரங்கொன்று எழுந்தது. 2011இல் மாநகர சபை அமைந்தது. இங்ஙனம் உழவரும் வணிகரும் சாரதிகளும் யாத்திரிகரும் வெளிநாட்டாரும் நாள்தோறும் வந்து கூடும் ஊரில், அங்கு உறங்கி எழுவோரின் தொகை ஒன்று, பகலில் நடமாடுவோரின் தொகை வேறொன்று.

குடிசன மதிப்பு முன்னவரையே எண்ணும். குற்றமோ இருவரிடையேயும் நிகழும். ஒரு நகரில் 25,000 பேர் வசிக்கின்றனர் எனவும், மேலும் 25,000 பேர் நாள்தோறும் வந்து செல்கின்றனர் எனவும், ஓராண்டில் 50 களவுகள் நிகழ்ந்தன எனவும் வைத்துக்கொள்வோம். வசிப்போரை மட்டும் கொண்டு வகுத்தால் வீதம் 200. வந்து செல்வோரையும் சேர்த்து வகுத்தால் 100. களவு ஒன்றும் குறையாமலே ஊரின் தீமை பாதியாகிவிட்டது! சந்தைக்கு வந்த வியாபாரியின் பணப்பை களவு போனால், அது சந்தையூரின் கணக்கில் ஏறும். அவ்வியாபாரியோ வேறோர் ஊரின் குடித்தொகையில் எண்ணப்படுவார். ஆதலாற் சந்தையூர்களும் யாத்திரைத் தலங்களும் தம் குடிகளின் நடத்தைக்கு மிஞ்சிய பழியைச் சுமக்கின்றன. நாள்தோறும் பல இலட்சம் பேர் வந்து போகும் கொழும்புக்கும் இஃது ஒக்கும்.

இந்திய நகர்களின் அட்டவணையிலும் இதனையொத்த குறை காணப்படுகின்றது. அங்குத் தேசியக் குற்றப் பதிவகம் சென்னை, கோயம்புத்தூர் உள்ளிட்ட இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களையுடைய நகர்களுக்குத் தனியே வீதம் வெளியிடுகின்றது. ஆனால் 2022ஆம் ஆண்டின் அறிக்கையிலும் அந்நகர்களின் குடித்தொகையாக 2011ஆம் ஆண்டின் மதிப்பே கொள்ளப்பட்டது. விரைந்து வளரும் நகர்கள் பதினோராண்டுப் பழைய குடித்தொகையால் வகுக்கப்படுகையில், தம் உண்மை வீதத்தினும் உயர்ந்த வீதத்தைப் பெறுதல் இயல்பே.

சிறு நகர்களுக்கு மற்றுமோர் இடர் உண்டு. 70,000 பேர் வாழும் ஒரு பிரிவில் ஓராண்டு ஒரு கொலையும் மறு ஆண்டு மூன்று கொலைகளும் நிகழின், வீதம் 1.4இலிருந்து 4.3 ஆகும். "கொலை மும்மடங்கு" எனப் பத்திரிகை தலையங்கமிடும். ஒரு குடும்பத்தின் காணித் தகராறே அம்மாற்றத்திற்குக் காரணமாயிருத்தல் கூடும். பெருநகரையும் ஒருநாட் கொடுமை புரட்டிவிடும். 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆந் தேதி கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் வெடித்த குண்டுகள் 250க்கு மேற்பட்டோரின் உயிரைக் குடித்தன. அவ்வோராண்டின் எண்ணைக் கொண்டு அந்நகர்களின் இயல்பை அளத்தல் அறிவுடைமையாகாது. ஆகவே சிறு ஊர்களை ஒப்பிடுவோர், ஐந்தாண்டுச் சராசரியையாவது கொள்ளுதல் வேண்டும். பொலிஸ் பிரிவின் எல்லையும் குடித்தொகை எண்ணப்பட்ட நிருவாகப் பிரிவின் எல்லையும் ஒன்றுதானா என்பதையும் நோக்குதல் வேண்டும்.

அங்ஙனமாயின் ஒப்பீடே வேண்டாவோ எனின், அற்றன்று. ஒப்பிடத்தக்கதைத் தேர்ந்து ஒப்பிடுதல் வேண்டும். மறைத்தற்கு அரியதும், எல்லா நாடுகளிலும் ஏறக்குறைய ஒரே பொருளில் வழங்குவதும் கொலையாகும். ஆகையால் ஊர்களையும் நாடுகளையும் ஒப்பிடும் அறிஞர் அதனையே முதலிற் கொள்வர். ஆயினும் கொலையுண்டோரிற் பலர் தம்மை அறிந்தோராலேயே கொல்லப்படுகின்றனர். ஆதலாற் கொலை வீதம் உயர்ந்த ஊர் வழிப்போக்கர்க்கு அஞ்சத்தக்க ஊர் எனக் கொள்ளுதல் பொருந்தாது. அது குறைந்த ஊரிற் பெண்ணொருத்தி இரவில் அச்சமின்றி நடக்கலாம் எனக் கொள்ளுதலும் பொருந்தாது.

காப்பு என்பது குற்றத்தினின்றும் காத்தல் மட்டுமன்று. இலங்கையில் வீதி விபத்துக்கள் ஆண்டுதோறும் 2,000க்கு மேற்பட்டோரைக் கொல்கின்றன. கொலையுண்போரோ சில நூற்றுவர். இரு பெருந்தெருக்கள் சந்திப்பதும் துயிலிழந்த சாரதிகள் இரவெல்லாம் லொறி ஓட்டி வருவதுமான தம்புள்ளையில், கள்வனிலும் அஞ்சத்தக்கது சக்கரமே எனலாம். அந்நகரைச் சூழ்ந்த உழவர்க்கோ காட்டு யானையின் வரவே அச்சம். 2023ஆம் ஆண்டு இந்நாட்டில் யானைகளால் இறந்தோர் 150க்கு மேற்பட்டோர். குற்ற வீதத்தில் இவ்விருவகை மரணங்களுக்கும் இடமில்லை.

எண்ணில் அடங்காத அச்சம் பிறிதொன்றும் உண்டு. 2012ஆம் ஆண்டு ஏப்ரலில், புனித பூமியுள் அமைந்ததெனக் கூறித் தம்புள்ளைப் பள்ளிவாசலை அகற்றக் கோரிய பெருங்கூட்டமொன்று அதனுட் புகுந்து சேதம் விளைத்தது. 2013ஆம் ஆண்டு அவ்வூர்ப் பத்திரகாளி அம்மன் கோயில் இடிக்கப்பட்டது. பதிவேட்டில் இவை ஏறினும் ஒன்று, இரண்டு என்ற எண்ணாகவே ஏறும். ஆண்டு முழுதும் நிகழ்ந்த களவுகளினும், அங்கு வழிபட்டுவந்த மக்களின் உள்ளத்தில் அவை இட்ட அச்சம் பெரிது. சிறுபான்மையோர் தம் வழிபாட்டிடத்தின் கதவைக் கவலையின்றிப் பூட்டிச் செல்லும் ஊரே காப்புடைய ஊர். வள்ளுவர் உட்பகையின்மையை நாட்டின் இலக்கணத்துட் சேர்த்ததன் கருத்து ஈண்டு நினைத்தற்பாலது.

இனி, எண்ணால் விளைந்த நன்மையையும் கூறாதொழிதல் முறையன்று. 1995ஆம் ஆண்டளவில் இலங்கையின் தற்கொலை வீதம் இலட்சத்துக்கு 47 ஆக உயர்ந்து, உலகில் மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாய் நின்றது. மாண்டோருட் பெரும்பாலோர் பூச்சிகொல்லி மருந்தை உண்டோரே என்பதைக் கணக்கு உணர்த்திற்று. கொடிய நஞ்சுகள் 1995இலும் 1998இலும் தடைசெய்யப்பட்டன. பத்தாண்டுகளில் வீதம் ஏறக்குறையப் பாதியாயிற்று. எந்த மாவட்டம் கெட்டது எனப் பழித்தமையால் அப்பயன் விளைந்ததன்று. எப்பொருளால், எவ்விடத்தில், எவர் இறக்கின்றனர் என நுணுகி வினவியமையால் விளைந்தது.

நகர்களின் குற்றக் கணக்கையும் அவ்வாறே பயன்படுத்துதல் வேண்டும். தம்புள்ளை மாத்தளையினும் தீயதோ, கொழும்பினும் நல்லதோ என வினவுதலாற் பயன் சிறிது. களவு சந்தையில் நிகழ்கின்றதோ பஸ் நிலையத்தில் நிகழ்கின்றதோ, விடியற்காலையிலோ நள்ளிரவிலோ, பறிகொடுத்தோர் ஊராரோ வந்தவரோ என வினவினால், விளக்கு எங்கே வேண்டும், காவலர் எப்பொழுது வேண்டும் என்பன தாமே வெளிப்படும். ஊரை வரிசையில் நிறுத்துதற்கு ஓர் எண் போதும். அவ்வூரிற் களவையும் விபத்தையும் குறைத்தற்கோ, அவ்வெண்ணுள் அடங்கிய ஒவ்வொரு நிகழ்ச்சியும் எங்கே, எப்பொழுது, எவர்க்கு நேர்ந்தது என அறிதல் இன்றியமையாததாகும்.