தினைப்புனத்தில் தோற்ற வீரன்

ஊரும் திரையும் – 17

கந்தசஷ்டியின் ஆறாம் நாள் மாலை திருச்செந்தூர்க் கடற்கரையில் கால் வைக்க இடமிருக்காது. யானை முகம், சிங்க முகம், சொந்த முகம் என்று தலை மாற்றி மாற்றி வரும் சூரனை வேல் சாய்க்கும்போது கடல் அலையையும் மீறிக்கொண்டு 'அரோகரா' எழும். பெரும்பாலான முருகன் கோயில்களில் அன்றைக்கு ஏறக்குறைய இதே காட்சிதான். திருத்தணியில் சூரன் வருவதில்லை. அறுபடை வீடுகளில் ஐந்தாவதான இந்த மலைக்கு அன்று கூடை கூடையாகப் பூ வந்து இறங்கும். முருகனுக்குப் புஷ்பாஞ்சலி நடக்கும். போரை முடித்துவிட்டு வந்தவன் கோபம் ஆறி நின்ற இடம் இது, இங்கே எதற்கு மறுபடியும் சண்டை என்பதுதான் ஊரார் காலங்காலமாகச் சொல்லி வரும் காரணம்.

சூப்பர் ஹீரோ படங்களைப் பற்றிய பேச்சில் திருத்தணியைக் கொண்டுவருவதற்கும் அதுவே காரணம். இந்தப் படங்களில் காதல் எதற்கு என்ற கேள்வி ரொம்ப நாளாக இருக்கிறது. லவ் டிராக் ஆரம்பித்ததும் தியேட்டரில் பாதிப் பேர் எழுந்து கேன்டீனுக்குப் போவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். பறக்கிறவனையும் பாய்கிறவனையும் பார்க்க வந்தவர்களுக்கு எதற்கு நடுவில் நாலு பாட்டு, ஒரு ஊடல், ஒரு சமாதானம்? எடுத்துவிட்டால் படம் இருபது நிமிடம் மிச்சமாகுமே என்கிறார்கள். அவர்கள் சலிப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தச் சலிப்புக்குக் காரணம் காதல் என்று நான் நினைக்கவில்லை. அந்தக் காதலில் வீரனுக்கு எந்தக் கஷ்டமும் இல்லை என்பதுதான் காரணம்.

கந்தபுராணத்தை எடுத்துப் பாருங்கள். கச்சியப்ப சிவாச்சாரியார் 10,345 பாடல்களில், ஆறு காண்டங்களாகப் பாடியது. சூரபன்மன் கதை நான்காவதான யுத்த காண்டத்திலேயே முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகும் இரண்டு காண்டம் பாக்கி. அத்தனை பெரிய நூலின் கடைசிப் படலம் எது தெரியுமா? வள்ளியம்மை திருமணம். இன்றைய திரைக்கதை ஆசிரியர் எவரிடமாவது இந்த அமைப்பைக் கொண்டுபோனால், "வில்லன் செத்த பிறகு யார் சார் உட்கார்ந்திருப்பார்கள்?" என்று கேட்பார். கச்சியப்பருக்கு அந்தப் பயமே இல்லை. உலகத்தை வென்றவனுக்கு இனிமேல்தான் சோதனை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

செருத்தணியில், அதாவது இந்தத் திருத்தணியில், முருகன் இருக்கும்போதுதான் நாரதர் வந்து வள்ளியைப் பற்றிச் சொல்கிறார். வேலூர் மாவட்டத்து வள்ளிமலையில் வேடர் தலைவன் நம்பியின் மகள் அவள். தினைப்புனத்தில் பரண் மீது நின்று கவண் வீசிக் கிளி ஓட்டுகிறாள். அங்கே போகிற முருகன் தேவசேனாபதியாகப் போகவில்லை. ஒரு வேடனாகப் போகிறான். அவள் மசியவில்லை. நம்பியும் கூட்டமும் வருகிற அரவம் கேட்டதும் வேங்கை மரமாகி நிற்கிறான். நேற்றில்லாத மரம் இன்றைக்கு எப்படி வந்தது, வெட்டு என்கிறார்கள் வேடர்கள். மகளுக்கு நிழலாக இருக்கட்டும், விடு என்கிறான் நம்பி. பிறகு கிழவனாக வந்து பசி என்று தேனும் தினைமாவும் வாங்கித் தின்கிறான், தாகம் என்று சுனைக்குக் கூட்டிப் போகச் சொல்கிறான். அப்போதும் காரியம் ஆகவில்லை. கடைசியில் அண்ணனை யானையாக வரவழைத்து, அவள் பயந்து ஓடிவந்து கட்டிக்கொள்ளும்படி ஆகிறது. போர்க்களத்தில் ஆயிரம் படையை எதிர்த்து நின்றவனுக்கு இங்கே பிள்ளையாரின் தயவு வேண்டியிருக்கிறது.

வேல் வேலை செய்யாத ஓர் இடத்துக்கு வீரனைக் கொண்டுபோய் நிறுத்துவதுதான் இந்தக் கதையின் சாமர்த்தியம். அதற்கடுத்து வருவது இன்னும் ஆழமானது. இருவரும் இரவோடு இரவாகக் கிளம்பிப் போக, நம்பியின் ஆட்கள் துரத்தி வந்து அம்பு விடுகிறார்கள். முருகனின் சேவல் ஒரு கூவல் கூவ, வேடர்கள் அத்தனை பேரும் விழுந்துவிடுகிறார்கள். சண்டை என்ற அளவில் அது வெற்றிதான். ஆனால் விழுந்து கிடப்பவர்கள் அவளுடைய அப்பனும் அண்ணன்மாரும். வள்ளி கலங்குகிறாள். விழுந்தவர்கள் எழுந்த பிறகுதான், வேடர் குடியில் முறைப்படி கல்யாணம் நடக்கிறது. சூரனோடு நடந்த போரில் இந்த யோசனைக்கே இடமில்லாமல் இருந்தது. அங்கே வென்றால் போதும். இங்கே விழுந்தவர்களை எழுப்பியாக வேண்டும். ஒரு கதாபாத்திரம் வளர்ந்தது என்று நம்மால் கைநீட்டிக் காட்ட முடிகிற இடம் இது. காதல் இல்லாவிட்டால் இந்த வளர்ச்சி வருவதற்குக் கதையில் வழியே கிடையாது.

நம் கூத்துக்காரர்களுக்கும் நாடகக்காரர்களுக்கும் இது நன்றாகத் தெரியும். சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமணம்' இன்றும் மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்துத் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கிறது. சூரசம்ஹாரத்தை எதிர்பார்த்து அங்கே யாரும் பாயை விரிப்பதில்லை. வள்ளியும் வேலனும் எதிரெதிரே நின்று செய்கிற தர்க்கத்துக்காகத்தான் கூட்டம் கொட்டக் கொட்ட விழித்திருக்கிறது. வள்ளியாக வருகிற நடிகை வாதத்தில் சளைத்துவிட்டால் அந்த ராத்திரியே போயிற்று. அவள் எளிதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. கேள்விக்குக் கேள்வி வேண்டும், பாட்டுக்குப் பாட்டு வேண்டும்.

இத்தனையும் கையில் வைத்திருக்கிற நாம் சினிமாவில் என்ன செய்தோம்?

2009இல் சுசி கணேசன் இயக்கிய 'கந்தசாமி' வந்தது. பெயர் முருகனுடையது. மக்கள் தங்கள் குறையை எழுதித் திருப்போரூர் முருகன் கோயில் மரத்தில் கட்டுகிறார்கள். விக்ரம் சேவல் வேஷம் போட்டுக்கொண்டு வந்து தீர்த்து வைக்கிறார். தமிழ் மண்ணிலேயே முளைத்த சூப்பர் ஹீரோ என்று சொல்லத்தக்க கற்பனை அது. ஸ்ரேயாவின் சுப்புலட்சுமி பாத்திரமும் எழுத்தளவில் நல்ல விதைதான். சிபிஐ அதிகாரியான கந்தசாமியால் தன் அப்பாவுக்குக் கெட்ட கதி வந்துவிட்டது என்று நம்பி, பழி வாங்குவதற்காகவே அவனைக் காதலிப்பதுபோல நடிக்கிறாள். அவளுக்கென்று ஒரு காரியம் இருக்கிறது. வீரனை ஏமாற்றும் திறமையும் இருக்கிறது. தினைப்புனத்துத் தர்க்கத்தைச் சென்னைக்குக் கொண்டுவர இதைவிட நல்ல வாய்ப்புக் கிடைக்காது. ஆனால் படம் அந்தப் பகையை ஆட்டத்துக்கும் உடைக்கும் கொடுத்துவிட்டது. கந்தசாமியை அவள் பொய் எந்த இடத்திலும் அசைக்கவில்லை. அசையாதவனின் காதலில் நமக்கு என்ன அக்கறை வரும்?

2011 தீபாவளிக்கு வந்த விஜய்யின் 'வேலாயுதம்' படத்திலும் பெயர் முருகனுடையதுதான். அதில் ஜெனிலியாவின் பத்திரிகையாளர் பாத்திரம்தான் வேலாயுதம் என்ற காவலனையே கற்பனையில் உருவாக்குகிறது. வீரனைப் படைத்தவளே ஒரு பெண் என்பது எவ்வளவு பெரிய சரக்கு! பாதிக்கு மேல் அவள் ரசிகையாக நின்றுவிடுகிறாள். மிஷ்கினின் 'முகமூடி' (2012) மட்டும் ஒன்றைச் சரியாகப் பிடித்தது: ஜீவா முதலில் முகமூடி மாட்டுவதே ஒரு பெண்ணைக் கவர்வதற்காகத்தான். வீரம் காதலில் இருந்து விளையாட்டாகப் பிறக்கிறது. இரண்டாம் பாதியில் படம் அதை மறந்துவிட்டது என்பது என் வருத்தம்.

சாம் ரெய்மியின் 'ஸ்பைடர்மேன் 2' (2004) இருபது வருடம் தாண்டியும் பேசப்படுவதற்கு ரயில் சண்டை மட்டும் காரணமில்லை. தான் காதலிக்கும் மேரி ஜேன் நடிக்கும் நாடகத்துக்கு ஸ்பைடர்மேனான பீட்டர் வருகிறான். தாமதமாகிவிட்டது. கதவருகே நிற்கும் ஊழியர், நாடகம் ஆரம்பித்த பிறகு உள்ளே விட முடியாது என்று நிறுத்திவிடுகிறார். கட்டடத்துக்குக் கட்டடம் தாவுகிறவனால் அந்த ஒரு கதவைத் தாண்ட முடியவில்லை. அவள் மேடையிலிருந்து காலி நாற்காலியைப் பார்க்கிறாள். அதற்குப் பிறகு அவன் கையிலிருந்து வலை வராமல் போகும்போது நாம் நம்புகிறோம். மனசு உடைந்தவனுக்குக் கை வராது என்பது யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

நம் பக்கத்தில் இதை மிகச் சரியாகச் செய்த படம் மலையாளத்திலிருந்து வந்தது. பேசில் ஜோசப்பின் 'மின்னல் முரளி', 2021 டிசம்பர் 24 அன்று நெட்பிளிக்ஸில் வெளியானது. ஒரே இரவில் இரண்டு பேர் மீது மின்னல் விழுகிறது. ஒருவன் தையல்காரன் ஜெய்சன், டொவினோ தாமஸ். இன்னொருவன் டீக்கடையில் வேலை செய்யும் ஷிபு. அந்த ஷிபுவாக நடித்தவர் நம் கூத்துப்பட்டறையில் பயின்ற, 'ஆரண்ய காண்டம்', 'ஜோக்கர்' படங்களில் நாம் பார்த்த குரு சோமசுந்தரம்.

ஜெய்சனின் காதல் ஆரம்பத்திலேயே உடைந்து கேலியாகிவிடுகிறது. அவனுக்குத் துணையாக வரும் கராத்தே பயிற்றுநர் பிஜியை இயக்குநர் காதலியாக மாற்றவே இல்லை. வேறு யாராவது எடுத்திருந்தால் அங்கே ஒரு டூயட் வந்திருக்கும். படத்தின் காதல் முழுவதும் வில்லனிடம் இருக்கிறது. ஊரைவிட்டுப் போய், நோயாளி மகளோடு திரும்பி வந்த உஷாவுக்காக ஷிபு வயசெல்லாம் காத்திருக்கிறான். அந்தக் குழந்தையின் சிகிச்சைக்குப் பணம் வேண்டுமென்றுதான் தன் சக்தியை வைத்து வங்கியில் கொள்ளையடிக்கிறான். உஷா அவனை ஏற்றுக்கொள்ளும் காட்சியில் சோமசுந்தரத்தின் முகத்தைப் பாருங்கள். சிரிப்பும் அழுகையும் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு வருகின்றன. கிராபிக்ஸ் இல்லை, பின்னால் எதுவும் வெடிக்கவில்லை. அந்த முகம் ஒன்றே போதுமாக இருக்கிறது. பிறகு ஊரார் வைத்த தீயில் உஷாவும் மகளும் போன பின், அவன் ஊரையே அழிக்கக் கிளம்பும்போது நம்மால் அவனை வெறுக்க முடியவில்லை. இங்கே காதல் கிளைக்கதையே இல்லை. அதை எடுத்துவிட்டால் வில்லன் இல்லை, வில்லன் இல்லாவிட்டால் படமும் இல்லை.

அப்படியானால் எல்லாச் சூப்பர் ஹீரோவுக்கும் காதல் கட்டாயமா? கிடையாது. வீரனின் சக்தி செல்லாத ஓர் இடம் கட்டாயம் வேண்டும். அது காதலாக இருக்கலாம், தாயாக இருக்கலாம், அக்காவாக இருக்கலாம், சொந்தப் பயமாகவும் இருக்கலாம்.

அக்காவுக்கான உதாரணம் ஒரு தெலுங்குப் படத்தில் இருக்கிறது; தெலுங்கு இங்கே அந்நியமில்லை. 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திரத்தோடு இருந்த ஊர் திருத்தணி. ம.பொ.சி.யும் கே.விநாயகமும் நடத்திய எல்லைப் போராட்டத்தால் சித்தூர் மாவட்டத்திலிருந்து தமிழகத்துக்கு வந்தது. இன்றும் ஆடிக்கிருத்திகைக்குக் காவடி தூக்கி வரும் கூட்டத்தில் தெலுங்கு தாராளமாகக் காதில் விழும். நகரி, புத்தூர் எல்லாம் கூப்பிடு தூரம். இங்கே தெலுங்குப் படம் பார்க்க யாருக்கும் சப்டைட்டில் தேவைப்படாது. 2024 சங்கராந்திக்கு வந்த பிரசாந்த் வர்மாவின் 'ஹனு-மான்' படத்தில் தேஜா சஜ்ஜாவுக்குக் காதலி உண்டு; ஆனால் படத்தின் உயிர் வரலட்சுமி நடித்த அக்கா பாத்திரத்தில் இருக்கிறது. சில்லறைத் திருட்டுச் செய்துகொண்டு திரிகிற தம்பியைத் தாயாக இருந்து வளர்த்தவள் அவள். அவளை இழக்கும்போது மலையைத் தூக்குகிற பலம் அவனுக்கு எதற்கும் உதவவில்லை. காதலியின் காட்சிகளைக் குறைத்திருந்தாலும் படத்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

அதற்கு முந்தைய ஆண்டு வந்த மடோன் அஷ்வினின் 'மாவீரன்' இந்த விஷயத்தில் தமிழில் நான் மதிக்கிற முயற்சி. சிவகார்த்திகேயனின் சத்யா பயந்தாங்கொள்ளி. பத்திரிகைக்குப் படக்கதை வரைகிறவன். படத்தில் வரைகிற வீரத்தில் நூற்றில் ஒரு பங்கு அவனிடம் இல்லை. இடிந்து விழுகிற தரத்தில் கட்டிய குடியிருப்பில் அம்மா கத்துகிறார், அவன் அனுசரித்துப் போகச் சொல்கிறான். சுவரில் விரிசல் விட்டால் பூசி மறைக்கிறான். அவன் காதில் விஜய் சேதுபதியின் குரல் கேட்க ஆரம்பித்த பிறகும் உடனே வீரனாகிவிடவில்லை. அந்தக் குரலிடமிருந்து தப்பி ஓடுகிறான். ஆளே மாறாமல் அவன் கையை மட்டும் ஏதோ ஒன்று அசைக்கிறது. விழப்போகிற கட்டடத்துக்குள் அவனே ஓடுகிற இடத்துக்குப் படம் வந்து சேர்வதற்குள் நாம் அவனோடு ஒவ்வொரு படியாக ஏறியிருக்கிறோம். அதிதி சங்கரின் நிலா இரண்டாம் பாதியில் மங்கிவிடுகிறாள் என்ற குறை உண்மை. ஆனால் சரிதா நடித்த அம்மாவின் ஒரு பார்வைக்கு முன்னால் சத்யா குறுகிப்போகிறானே, அங்கேதான் இந்தப் படத்தின் தினைப்புனம் இருக்கிறது.

2025 ஆகஸ்டில் வந்த டொமினிக் அருணின் 'லோகா' இன்னும் ஒரு படி தள்ளிப் போயிற்று. கள்ளியங்காட்டு நீலி என்ற யட்சியின் கதையிலிருந்து எடுத்த சந்திராவாகக் கல்யாணி பிரியதர்ஷன் வருகிறார். எதிர்வீட்டுப் பையன் சன்னியாக வரும் நஸ்லென் அவளைப் பார்த்து மயங்குகிறான். அவளுடைய சக்தியை அவன் அடக்கவும் இல்லை, அவளைக் காப்பாற்றவும் இல்லை. பயப்படுகிறான், கூடவே நிற்கிறான். அந்த ஈர்ப்பைக் கல்யாணம்வரை இழுத்துச் செல்ல வேண்டிய அவசரம் இயக்குநருக்கு இல்லை. மலையாளத்தில் அதுவரை வந்த படங்களிலேயே அதிக வசூல் அந்தப் படத்துக்குத்தான்.

முருகன் பெயரில் இரண்டு சூப்பர் ஹீரோ படம் எடுத்தாயிற்று. பரண் மீது நின்று கவண் வீசுகிறவளை நடுவில் வைத்து ஒரு படம் தமிழில் எழுதப்பட வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அவளுக்கு ஒரு வேலை இருக்கிறது, காவல் காக்க ஒரு புனம் இருக்கிறது, எதிர்வாதம் பேச நாக்கு இருக்கிறது, அவளுடைய கண்ணீருக்கு முன்னால் போரே தலைகீழாகத் திரும்புகிறது. திருத்தணிக்கு வந்து உட்கார்ந்து எழுத யாராவது தயாரானால், வள்ளிமலைக்கு வழிகாட்டிக் கூடவே வருகிறேன்.