பணம் கேட்கும் விளையாட்டும், பணம் கேட்காத ஓட்டமும்

புது தில்லி: நாடாளுமன்றத்தின் மழைக்காலக் கூட்டத்தொடர் நிறைவடைவதற்கு முந்தைய நாளான 2025 ஆகஸ்ட் 20-ஆம் தேதி மக்களவையில் ஒரு மசோதா அறிமுகமானது. பிகார் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தத்தைக் கண்டித்து எதிர்க்கட்சி உறுப்பினர்கள் எழுப்பிய முழக்கங்களுக்கு இடையே, அன்றைய தினமே விவாதமின்றிக் குரல் வாக்கெடுப்பில் அது நிறைவேறியது. மறுநாள் மாநிலங்களவையின் இசைவு. அதற்கு அடுத்த நாள் குடியரசுத் தலைவரின் ஒப்புதல். இணையவழி விளையாட்டு மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் மூன்றே நாள்களில் பிறந்துவிட்டது.

பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை, அவை திறமை சார்ந்தவையா, அதிர்ஷ்டம் சார்ந்தவையா என்று பாராமல் இச்சட்டம் தடை செய்கிறது. அவற்றை நடத்துவோருக்கு 3 ஆண்டுகள் வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்வோருக்கு 2 ஆண்டுகள் வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். இத்தகைய விளையாட்டுகளில் சுமார் 45 கோடி பேர் ஆண்டுதோறும் 20 ஆயிரம் கோடி ரூபாய் அளவுக்கு இழக்கின்றனர் என்பது அரசுத் தரப்பு அப்போது முன்வைத்த மதிப்பீடு. ரம்மியால் சீரழிந்த குடும்பங்களைக் கண்டு 2022-லேயே தனிச் சட்டம் இயற்றிய தமிழகத்துக்கு இந்தக் கவலை புதிதல்ல.

ஆனால் சூதாட்டத்தின் வாசலை அடைத்த இச்சட்டம், அதற்கு அடுத்த வாசலைப் பற்றித் தெளிவாக எதுவும் சொல்லவில்லை. செல்பேசியில் இலவசமாகத் தரவிறக்கம் செய்யப்பட்டு, பிறகு ஒவ்வொன்றாக விலை சொல்லும் விளையாட்டுகளே அந்த வாசல்.

குதிரைக் கவசத்தில் தொடங்கியது: விளையாட்டுக்குள் கூடுதல் பொருள்களை விற்கும் வணிகத்தின் வரலாற்றைப் பேசுவோர் 2006-ஆம் ஆண்டைத் தவறாமல் குறிப்பிடுவர். 'ஆப்ளிவியன்' என்ற விளையாட்டில் குதிரைக்கு அணிவிக்கும் கவசம் ஒன்றைச் சுமார் இரண்டரை டாலருக்கு அதன் தயாரிப்பாளர்கள் விற்றனர். ஏற்கெனவே முழு விலை கொடுத்து வாங்கிய விளையாட்டில், ஓர் அலங்காரத்துக்குத் தனி விலையா என்று ஆட்டக்காரர்கள் எள்ளி நகையாடினர். நகைப்பு அடங்கியது, வணிகம் வளர்ந்தது.

எல்லாக் கூடுதல் விற்பனையையும் ஒரே தராசில் நிறுக்க இயலாது. புதிய கதை, புதிய களம் என்று ஆட்டத்தை உண்மையாகவே விரிவாக்கும் பகுதிகள் உண்டு. வாங்குபவருக்கு என்ன கிடைக்கும் என்பது முன்பே தெரியும். உடை, துப்பாக்கியின் வண்ணம் போன்ற அலங்காரங்கள் இரண்டாம் வகை. காத்திருக்கும் நேரத்தைக் குறைக்கவும், எதிராளியை விட வலுப்பெறவும் விற்கப்படுபவை மூன்றாம் வகை. நான்காவதுதான் சிக்கலானது. பணம் கட்டிப் பெட்டியைத் திறக்க வேண்டும். உள்ளே இருப்பது அரிய பொருளா, அற்பப் பொருளா என்பது திறந்த பிறகே தெரியும்.

ரூபாயை நேரடியாகச் செலவிடவும் பல விளையாட்டுகள் இடம் தருவதில்லை. முதலில் அதை விளையாட்டின் நாணயமாக மாற்ற வேண்டும். நாணயப் பொதியின் அளவும் பொருளின் விலையும் பெரும்பாலும் பொருந்துவதில்லை. மிச்சம் நிற்கும் நாணயம் அடுத்த பொதியை வாங்கத் தூண்டுகிறது. தான் செலவிடுவது எத்தனை ரூபாய் என்ற கணக்கு பெரியவர்களுக்கே மறந்துபோகும்போது, பத்து வயதுச் சிறுவனுக்கு எப்படி நினைவிருக்கும்?

சட்டத்தின் மௌனம்: புதிய சட்டம் விளையாட்டுகளை மின்னணு விளையாட்டுப் போட்டி, சமூக விளையாட்டு, பண விளையாட்டு என மூன்றாகப் பிரிக்கிறது. சமூக விளையாட்டுக்குச் சந்தாவோ, ஒருமுறை நுழைவுக் கட்டணமோ வசூலிக்கலாம். அது பந்தயத் தொகையாக இருத்தல் கூடாது. ஆட்டத்தின் நடுவே திரும்பத் திரும்ப நாணயம் வாங்குவது சந்தாவும் அல்ல, ஒருமுறைக் கட்டணமும் அல்ல.

மறுபுறம், பண விளையாட்டு என்பதற்கான விளக்கத்தில் 'பணம் மற்றும் பிற ஆதாயம்' என்ற சொற்கள் இடம்பெற்றுள்ளன. பணம் கொடுத்து வாங்கிய நாணயங்களும் வில்லைகளும்கூடப் பந்தயப் பொருளாகக் கருதப்படும் என்கிறது சட்டம். அப்படியானால், நாணயம் கட்டித் திறக்கும் பெட்டியில் கிடைக்கும் அரிய துப்பாக்கி 'பிற ஆதாயம்' ஆகுமா? ஆகும் என்றால் நாட்டின் புகழ்பெற்ற விளையாட்டுகள் பலவும் தடைக்குள் வரும். ஆகாது என்றால் குழந்தைகள் ஆடும் அதிர்ஷ்டக் குலுக்கலுக்குச் சட்டமே அனுமதி தந்ததாக ஆகும். இந்தக் கேள்வியை எழுப்ப வேண்டிய இடம் அவை. அங்கு விவாதமே நடைபெறவில்லை. மசோதா நிலைக்குழுவுக்கும் அனுப்பப்படவில்லை.

பிற நாடுகள் இக்கேள்வியை நேரடியாகவே எதிர்கொண்டுள்ளன. பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018-இல் இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என்றே அறிவித்தது. அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம், 'ஃபோர்ட்நைட்' விளையாட்டை நடத்தும் எபிக் கேம்ஸ் நிறுவனத்துடன் 2022 டிசம்பரில் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, ஆட்டக்காரர்களைத் தவறுதலாக வாங்க வைத்ததற்காக 24.5 கோடி டாலர் திருப்பித்தர நேர்ந்தது. 'கென்ஷின் இம்பாக்ட்' விளையாட்டின் நிறுவனத்துக்கு 2025 ஜனவரியில் 2 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. பெற்றோர் இசைவின்றி 16 வயதுக்குக் குறைந்தோருக்குப் பெட்டிகளை விற்கவும் தடை வந்தது.

இந்தியாவில் கருவிகள் இல்லாமல் இல்லை. 18 வயது நிரம்பாதவர் செய்துகொள்ளும் ஒப்பந்தம் செல்லாது என்பது 1903-ஆம் ஆண்டு பிரிவி கவுன்சில் தீர்ப்பிலிருந்து நிலைபெற்ற சட்டம். நுகர்வோரை ஏமாற்றும் 13 வகை இணைய உத்திகளை 2023 நவம்பர் 30-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடை செய்தது. பொய்யான அவசரமும், ஓயாத நச்சரிப்பும் அந்தப் பட்டியலில் உள்ளன. விளையாட்டுக்குள் பொருள் வாங்கப் பெற்றோர் இசைவு தேவை, செலவுக்கு உச்சவரம்பு வையுங்கள், ஒருமுறைக் கடவுச்சொல் முறையைப் பின்பற்றுங்கள் என்று மத்தியக் கல்வி அமைச்சகம் 2021 டிசம்பரிலேயே அறிவுறுத்தியது. ஆயினும் அறிவுரை சட்டமாகாது. செல்பேசியும் வங்கிக் கணக்கும் தந்தையின் பெயரில் இருக்கும்போது, வாங்கியது மகன்தான் என்று மெய்ப்பிக்கும் சுமையும் தந்தையின் தலையில்தான் விழுகிறது.

ஒன்பது வாரக் கணக்கு: இந்தச் சட்டம் நிறைவேறிய அதே கூட்டத்தொடரில்தான் தேசிய விளையாட்டு நிர்வாக மசோதாவும் நிறைவேறியது. 'ஃபிட் இந்தியா' இயக்கத்தைப் பிரதமர் 2019 ஆகஸ்ட் 29-இல் தில்லியில் தொடக்கி வைத்தார். கரோனா காலமான 2020-இல், அவரவர் இடத்தில், அவரவர் வேகத்தில் ஓடலாம் என்ற சுதந்திர ஓட்டமும் அதன் பெயரில் நடைபெற்றது. 5 முதல் 17 வயது வரையிலானோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடம் உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

ஓடத் தொடங்குவது எளிது. 1996-இல் ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்கர் வகுத்த ஒன்பது வாரத் திட்டத்தை இன்றும் உலகெங்கும் பின்பற்றுகின்றனர். வாரத்துக்கு மூன்று நாள்கள். முதல் வாரத்தில் ஒரு நிமிட ஓட்டம், ஒன்றரை நிமிட நடை என்று மாறி மாறி 20 நிமிடங்கள். நடை படிப்படியாகக் குறைந்து, ஒன்பதாம் வாரத்தில் இடைவிடாமல் அரைமணி நேரம் ஓட முடிகிறது. விளையாட்டு நிறுவனங்கள் காசாக்குவது காத்திருக்க மறுக்கும் மனத்தை. ஓட்டத்திலோ காத்திருப்புதான் பயிற்சி. ஆறாம் வாரத்தை யாரும் விலைக்கு வாங்கித் தாண்ட இயலாது.

இரண்டையும் ஒன்றிணைக்கும் முயற்சியும் நடந்தது. நடந்தால்தான் முட்டை பொரியும் என்ற விதியுடன் 2016-இல் வந்த 'போகிமான் கோ' அந்த ஆண்டு டிசம்பரில் இந்தியாவிலும் அறிமுகமானது. முட்டை பொரிக்கும் கருவிகளுக்கு அங்கும் விலை உண்டு. இளம் அமெரிக்கர்களிடம் நடத்திய ஓர் ஆய்வு அதே ஆண்டு 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் வெளிவந்தது. முதல் வாரத்தில் நாளொன்றுக்கு 955 அடிகள் கூடுதலாக நடந்தவர்கள், ஆறாம் வாரத்தில் பழைய நிலைக்கே திரும்பிவிட்டதை அது காட்டியது.

இதில் அரசின் பொறுப்பும் இருக்கிறது. தில்லி சாணக்கியபுரியின் நேரு பூங்காவில் அதிகாலையில் ஓடுவோருக்குத் தடம் இருக்கிறது. நெருக்கமான குடியிருப்புகளில் வாழும் சிறுவர்களுக்கு எங்கே இருக்கிறது? நச்சுக்காற்று சூழும் மாதங்களில் பள்ளி விளையாட்டுப் போட்டிகளை நடத்தாமல் வேறு மாதங்களுக்கு மாற்றுவது பற்றிப் பரிசீலிக்குமாறு 2025 நவம்பரில் உச்சநீதிமன்றமே கூற வேண்டியிருந்தது. வெளியே மூச்சுவிட முடியாத ஊரில், திரையை விட்டு எழுந்து ஓடு என்று எந்தத் தாயால் சொல்ல முடியும்?

தடைச் சட்டத்தை எதிர்த்து உயர்நீதிமன்றங்களில் தொடுக்கப்பட்ட வழக்குகள் 2025 செப்டம்பரில் உச்சநீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டன. அவை பணம் வைத்து ஆடுவதைப் பற்றியவை. பணம் கட்டித் திறக்கும் பெட்டிகளைப் பற்றிப் பேச வேண்டிய இடம் நாடாளுமன்றம்தான். பெட்டிக்குள் என்ன இருக்கிறது, எத்தனை முறையில் ஒருமுறை அது கிடைக்கும், அதன் விலை ரூபாயில் எவ்வளவு என்பதை வாங்குவதற்கு முன்பே சொல்லச் செய்வதும், பெற்றோர் இசைவின்றி விற்ற பொருளுக்குப் பணத்தைத் திருப்பித்தரச் செய்வதும் கடினமான காரியங்கள் அல்ல. மூன்று நாளில் ஒரு சட்டம் இயற்ற முடிந்த அவைக்கு, இதற்காக மூன்று மணி நேரம் ஒதுக்க முடியாதா என்ன?