பி.இ. 6 என்றால் மலிவா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமனார் போன் செய்தார். சமீபத்தில்தான் பணி ஓய்வு பெற்றார். பணிக்கொடையும் பி.எஃப். பணமும் கைக்கு வந்திருக்கிறது.

"மாப்ள, ஒரு கம்பெனி பாத்து வெச்சிருக்கேன். பங்கு 120 ரூபாதான். பி.இ. 6-ன்னு காட்டுது. அதே தொழில்ல மத்த கம்பெனியெல்லாம் 20, 25-ல போகுது. எட்டு லட்சம் போட்டுடலாமா? நீங்க ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க."

உடனே பதில் சொல்லவில்லை. ஏனென்றால் 2008-ல் இதே எண்ணைப் பார்த்து, இதே காரணத்துக்காக, நானும் பணம் போட்டிருக்கிறேன். அந்தக் கதை பின்னால் வருகிறது. அவருக்காக எழுத ஆரம்பித்த குறிப்பு நீண்டுவிட்டதால் இங்கேயே போடுகிறேன். நான் செபியில் பதிவு செய்த ஆலோசகர் இல்லை. கணக்குப் போட்டுப் பார்ப்பதில் ஆர்வம் உள்ள ஒரு மென்பொருள்காரன், அவ்வளவுதான்.

முதலில் அடிப்படை

ஒரு கம்பெனியின் வருட நிகர லாபத்தை மொத்தப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு பங்குக்கான லாபம் கிடைக்கும். இதைத்தான் இ.பி.எஸ். என்கிறோம். பங்கின் சந்தை விலையை இ.பி.எஸ்.-ஆல் வகுத்தால் வருவது பி.இ. மாமா சொன்ன கம்பெனியில் 10 கோடிப் பங்குகள், லாபம் 200 கோடி. எனவே இ.பி.எஸ். 20 ரூபாய். விலை 120. ஆக, 120-ஐ 20-ஆல் வகுத்தால் 6.

இதற்கு அர்த்தம் என்ன? கம்பெனி இப்போது சம்பாதிக்கும் ஒரு ரூபாய்க்கு நீங்கள் 6 ரூபாய் கொடுக்கிறீர்கள். லாபம் இப்படியே நின்றால், போட்ட பணத்துக்குச் சமமான லாபத்தைக் கம்பெனி சம்பாதிக்க 6 வருடம் ஆகும்.

தலைகீழாகப் போட்டால் இன்னும் தெளிவாகப் புரியும். பி.இ. 20 என்றால் 100 ரூபாய் முதலீட்டுக்கு 5 ரூபாய் லாபம், அதாவது 5 சதவீதம். வங்கி வைப்பு நிதியே 7 சதவீதம் கொடுக்கும்போது 5-க்கு ஏன் ஒருவர் பங்கு வாங்குகிறார்? வைப்பு நிதியின் வட்டி ஏறாது, கம்பெனியின் லாபம் ஏறும் என்ற நம்பிக்கையில்தான். பி.இ. 6 என்றால் கிட்டத்தட்ட 16.7 சதவீதம். அப்படியானால் சந்தையில் இருக்கும் இத்தனை பேரும் ஏன் அதை விட்டுவைத்திருக்கிறார்கள்? முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

எவ்வளவு பி.இ. நியாயம்?

"15-க்குக் கீழே வாங்கு, 25-க்கு மேலே விற்றுவிடு" என்று ஒரே எண்ணைச் சொல்ல முடியாது. ஏன் என்று ஒரு சின்னக் கணக்கு காட்டும்.

லாபத்தில் பாதியை டிவிடெண்டாகக் கொடுத்து, மீதிப் பாதியைத் தொழிலிலேயே போடும் மூன்று கம்பெனிகளை எடுத்துக்கொள்வோம். உங்களுக்கு வருடத்துக்கு 12 சதவீத வருமானம் வேண்டும். வளர்ச்சி என்பது திரும்பப் போட்ட பணத்தில் கம்பெனி எவ்வளவு சம்பாதிக்கிறது என்பதைப் பொறுத்தது. போட்ட மூலதனத்தில் 12 சதவீதம் சம்பாதிக்கும் கம்பெனி, பாதியைத் திரும்பப் போட்டால் 6 சதவீதம் வளரும். 16 சம்பாதித்தால் 8 வளரும். 20 சம்பாதித்தால் 10 வளரும்.

நியாயமான பி.இ. = டிவிடெண்டாகக் கொடுக்கும் பங்கு ÷ (எதிர்பார்க்கும் வருமானம் − வளர்ச்சி). அடுத்த வருட லாபத்தை வைத்துப் போடும் கணக்கு இது.

முதல் கம்பெனிக்கு 0.5 ÷ 0.06 = 8.3. இரண்டாவதுக்கு 0.5 ÷ 0.04 = 12.5. மூன்றாவதுக்கு 0.5 ÷ 0.02 = 25.

பாருங்க, 8-க்குக் கிடைக்கும் முதல் கம்பெனியும் 25-க்குக் கிடைக்கும் மூன்றாவது கம்பெனியும் இந்தக் கணக்கின்படி ஒரே அளவு 'நியாயமான' விலைதான். எந்தக் கம்பெனியும் காலம் முழுக்க 10 சதவீதம் வளராது என்பதால் இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். வளர்ச்சி பற்றிய ஊகம் கொஞ்சம் மாறினாலே விடை மூன்று மடங்கு மாறுகிறது என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஊகம் அளவு மீறினால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் தலைமுறை கண்ணால் பார்த்த உதாரணம் இன்ஃபோசிஸ். 2000 மார்ச்சில் நான் பொறியியல் படித்துக்கொண்டிருந்தேன். அப்போது அந்தப் பங்கின் பி.இ. 200-ஐத் தாண்டியிருந்தது. கம்பெனி யாரையும் ஏமாற்றவில்லை. 1999-2000-ல் ஏறக்குறைய 290 கோடியாக இருந்த லாபம் 2005-06-ல் 2,400 கோடியைத் தாண்டியது, அதாவது எட்டு மடங்கு. ஆனாலும் உச்சத்தில் வாங்கியவர், போனஸ் பங்குகளையும் சேர்த்துக் கணக்குப் போட்டாலும், போட்ட முதலைத் திரும்பப் பார்க்க சுமார் ஆறு வருடம் ஆனது. லாபத்தின் வளர்ச்சி முழுவதையும் பி.இ.-யின் சரிவு விழுங்கிவிட்டது. நல்ல கம்பெனி வேறு, நல்ல விலை வேறு.

என்னுடைய 3 லட்சம்

அதிக பி.இ. ஆபத்து என்று இப்படிப் பாடம் படித்துவிட்டு, குறைந்த பி.இ. பாதுகாப்பு என்று நானாக முடிவு செய்துகொண்டேன். தப்பு அங்கேதான்.

2008-ன் தொடக்கம். வேலைக்குச் சேர்ந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. வீட்டுக் கடனுக்கு முன்பணமாக 3 லட்சம் சேர்த்து வைத்திருந்தோம். ஓர் இரும்பு உருக்குக் கம்பெனியின் பங்கு 600 ரூபாய். இ.பி.எஸ். 100. பி.இ. 6. 500 பங்குகள் வாங்கினேன். 'இதற்கு மேல் என்ன விழப்போகிறது?' என்று மனைவியிடம் சொன்னதும் நினைவிருக்கிறது.

அந்த வருடத்தின் இரண்டாம் பாதியில் உலக நெருக்கடி வந்தது. உருக்கின் விலை சரிந்தது. சுரங்கம், உலை, ஆட்கள், வட்டி என்று கம்பெனியின் செலவுகள் அப்படியே நின்றன. இ.பி.எஸ். 100-லிருந்து 10 ஆனது. பங்கு 150-க்கு வந்தது. 3 லட்சம் 75,000 ஆனது. வீடு மூன்று வருடம் தள்ளிப்போனது.

இதில் கவனிக்க வேண்டியது, விலை நாலில் ஒரு பங்காக விழுந்த பிறகு அதே பங்கின் பி.இ. 15. அதாவது 600-ல் 'மலிவு', 150-ல் 'விலை அதிகம்' என்று அந்த எண் சொல்லிக்கொண்டிருந்தது!

உருக்கு, சிமெண்ட், சர்க்கரை, கப்பல் போன்ற சுழற்சித் தொழில்களில் இது விதிவிலக்கு இல்லை, வழக்கமே இதுதான். லாபம் உச்சத்தில் இருக்கும்போது 'இது நிற்காது' என்று சந்தைக்குத் தெரியும், அதனால் விலையை லாபத்தின் அளவுக்கு ஏற்றாது. பி.இ. குறைவாகத் தெரியும். நான் சந்தையை முட்டாள் என்று நினைத்தேன். அது எனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தது.

மொத்தச் சந்தைக்கும் இது பொருந்தும். அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 குறியீடு 2009 மார்ச்சில் அடிமட்டத்தைத் தொட்டது. அதையடுத்த மாதங்களில், முந்தைய 12 மாத லாபத்தை வைத்துப் போட்ட அதன் பி.இ. 100-ஐத் தாண்டியது. விலை ஏறியதால் அல்ல, வங்கிகளின் நஷ்டத்தால் மொத்த லாபம் கரைந்துபோனதால். அந்த எண்ணைப் பார்த்துப் பயந்து ஒதுங்கியவர்கள் ஒரு தலைமுறைக்கே கிடைத்த நல்ல விலையைத் தவறவிட்டார்கள்.

கீழே இருக்கும் எண்ணைப் பாருங்கள்

பி.இ. ஒரு பின்னம். மேலே இருப்பது விலை. அதில் சந்தேகமே இல்லை, திரையில் தெரிகிறது. கீழே இருப்பது லாபம். அதை ஒருவர் கணக்கெழுதி உருவாக்குகிறார். நாம் மேலே இருப்பதையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். குழப்பம் முழுக்க கீழே இருக்கிறது.

2021 மார்ச் 31 அன்று நிஃப்டி 50-ன் பி.இ. 40-க்குச் சற்று மேலே. அடுத்த நாள் அது 33 அளவுக்கு இறங்கியது. குறியீடு விழவில்லை, சொல்லப்போனால் அன்று கொஞ்சம் ஏறியது. அதுவரை தாய்க் கம்பெனியின் தனிக் கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டிருந்த தேசியப் பங்குச் சந்தை, துணை நிறுவனங்களின் லாபத்தையும் சேர்த்த ஒருங்கிணைந்த கணக்குக்கு மாறியது. அவ்வளவுதான் நடந்தது. ஒரு ராத்திரியில் சந்தை 'மலிவாகி'விட்டது.

லாபம் என்ற எண்ணிலேயே பொய் இருந்தால்? 2009 ஜனவரி 7 அன்று சத்யம் நிறுவனத்தின் தலைவர் எழுதிய கடிதத்தில், கணக்கில் காட்டியிருந்த 5,040 கோடி ரூபாய் ரொக்கம் உண்மையில் இல்லை என்று ஒப்புக்கொண்டார். அதற்கு முந்தைய நாள் வரை அந்தப் பங்குக்கும் எல்லோரும் பி.இ. கணக்குப் போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

கடனும் பி.இ.-யில் தெரியாது. இரண்டு கம்பெனிகள், இரண்டுக்கும் லாபம் 100 கோடி, சந்தை மதிப்பு 1,000 கோடி, பி.இ. 10. ஒன்றுக்குக் கடனே இல்லை, இன்னொன்றுக்கு 2,000 கோடி கடன். வட்டி 2 சதவீதம் ஏறினால் இரண்டாவதுக்கு வருடச் செலவு 40 கோடி கூடும். முதல் கம்பெனிக்கு ஒன்றும் ஆகாது. பி.இ.-யை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

நான் இப்போது செய்வது

ஒன்று, ஒரே வருட லாபத்தை நம்புவதில்லை. பெஞ்சமின் கிரஹாம், தற்காப்பான முதலீட்டாளருக்கு, கடந்த மூன்று வருட சராசரி லாபத்தைப் போல 15 மடங்குக்கு மேல் விலை கொடுக்காதே என்றார். ராபர்ட் ஷில்லர் பணவீக்கத்தைக் கழித்து 10 வருட சராசரி எடுக்கிறார். சுழற்சித் தொழில் என்றால் நானும் 7 முதல் 10 வருட சராசரிதான் போடுகிறேன். 2008-ல் இதைச் செய்திருந்தால் எனக்கு 6 தெரிந்திருக்காது.

இரண்டு, லாபநட்டக் கணக்கில் 'எக்ஸெப்ஷனல் ஐட்டம்ஸ்', 'பிற வருமானம்' என்ற இரண்டு வரிகளையும் படித்து, மறுபடி வராத பணத்தைக் கழித்துவிடுகிறேன்.

மூன்று, லாபத்தைப் பணப்புழக்க அறிக்கையோடு ஒப்பிடுகிறேன். ஐந்து வருட லாபத்தைக் கூட்டிப் பார்த்தால் 500 கோடி, தொழிலிலிருந்து வந்த பணம் 150 கோடிதான் என்றால், மீதி எங்கே என்று கேட்க வேண்டும்.

நான்கு, ஒருங்கிணைந்த கணக்கு, கடன், மூலதனத்தின் மீதான வருமானம். இந்த மூன்றையும் பக்கத்தில் வைத்துத்தான் பி.இ.-யைப் படிக்கிறேன். அதுவும் அதே தொழிலில் உள்ள கம்பெனிகளோடும், அதே கம்பெனியின் பழைய வருடங்களோடும் மட்டுமே ஒப்பிடுகிறேன்.

இதெல்லாம் செய்ய ஒரு கம்பெனிக்கு ஒரு மாலைப்பொழுது போதும்.

மாமாவின் கம்பெனி

ஆண்டறிக்கையை இறக்கி, லாபநட்டக் கணக்குப் பக்கத்தை மட்டும் அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். 200 கோடி லாபத்தில், வரி போக 140 கோடி, நகருக்குள் இருந்த பழைய ஆலை நிலத்தை விற்றதில் வந்தது. தொழிலில் வந்தது 60 கோடி. பங்குக்கு 6 ரூபாய். 120-ஐ 6-ஆல் வகுத்தால் 20.

பக்கத்துக் கம்பெனிகளும் 20, 25-ல்தானே இருக்கின்றன? சந்தை அதைச் சரியாகத்தான் எடை போட்டிருந்தது. திரையில் தெரிந்த 6-தான் தப்பு.

பத்து நிமிடத்தில் போன் வந்தது. "அப்போ அந்த நிலத்த அடுத்த வருஷமும் விக்க முடியாதுல்ல?"

நான் இத்தனை பத்தியில் சொன்னதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். பணத்தில் பெரும்பகுதியை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டாயிற்று. ஒரு லட்சத்தை மட்டும் தனியாக வைத்துக்கொண்டு, இப்போது கம்பெனி கம்பெனியாக ஆண்டறிக்கை படிக்கிறார்.

நேற்று மறுபடி கூப்பிட்டார். "மாப்ள, பி.பி.-ன்னு ஒண்ணு போட்டிருக்கே, இந்தக் கம்பெனிக்கு 0.8-ன்னு காட்டுது. அப்படின்னா மலிவுதானே?"

அது அடுத்த பதிவில்.