கை நகரும் முன் கண் நகரட்டும்

பெங்களூருவில் சதுரங்கம் பயிலும் பிள்ளைகளின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு பெருகி வருகிறது. மைசூருவைச் சேர்ந்த எம்.எஸ்.தேஜ்குமார் 2017-ஆம் ஆண்டில் கர்நாடகத்தின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். பெங்களூருவின் பிரணவ் ஆனந்த் 2022-ஆம் ஆண்டில் இந்தியாவின் 76-ஆவது கிராண்ட்மாஸ்டரானதோடு, ருமேனியாவில் 16 வயதுக்கு உட்பட்டோருக்கான உலகப் பட்டத்தையும் வென்றார். இத்தகைய வெற்றிகள் பல இல்லங்களில் சதுரங்கப் பலகையை விரிக்கச் செய்துள்ளன.

அவ்வில்லங்களில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. பயிற்சிப் புத்தகத்தின் புதிர்களை நொடியில் விடுவிக்கும் பிள்ளை, போட்டியில் மட்டும் அரசியைக் காவலின்றி விட்டுத் தோற்பது ஏன்?

விடை எளியது. "இங்கே ஒரு வாய்ப்பு இருக்கிறது, தேடு" என்று புதிர் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. ஆட்டத்தில் அப்படிச் சொல்பவர் எவருமில்லை. எப்போது தேட வேண்டும் என்பதையும் ஆடுபவரே உணர வேண்டும். அவ்விழிப்பு தளரும்போது உலக வாகையர்களும் தவறுகிறார்கள் என்பதற்கு மூன்று ஆட்டங்களைக் காண்போம்.

வழக்கத்திற்கு மாறான காட்சி

2006 நவம்பரில் ஜெர்மனியின் பான் நகரில், அன்றைய உலக வாகையர் விளாதிமிர் கிராம்னிக், 'டீப் ஃபிரிட்ஸ்' என்னும் கணினி நிரலுடன் மோதினார். இரண்டாம் ஆட்டத்தில் தாம் நன்னிலையில் இருப்பதாக எண்ணித் தம் அரசியை நகர்த்தினார். மறு நகர்விலேயே கணினியின் அரசி, அவருடைய அரசனுக்கு அருகில் வந்து ஆட்டத்தை முடித்தது. அந்த அரசிக்குக் காவலாக நின்றது, கிராம்னிக்கின் கடைசி வரிசைக்கே ஊடுருவியிருந்த ஒரு குதிரை. அத்தகைய இடத்திலிருந்து குதிரை துணை நிற்பது அரிய காட்சி. பழகிய வடிவங்களை மட்டுமே தேடும் கண், பழகாததைக் கடந்து சென்றுவிடுகிறது.

எதிர்பாராத பரிசு

2014 நவம்பரில் ரஷ்யாவின் சோச்சி நகரில் உலக வாகையர் போட்டி நடைபெற்றது. விசுவநாதன் ஆனந்துக்கு எதிரான ஆறாம் ஆட்டத்தில், மேலோங்கிய நிலையில் இருந்த மேக்னஸ் கார்ல்சன் 26-ஆம் நகர்வில் அரசனைத் தவறான கட்டத்தில் வைத்தார். ஆனந்த் தம் குதிரையால் நடுச் சிப்பாயை வெட்டியிருந்தால், அடுத்தடுத்த செக்குகளின் வழியே இரண்டு சிப்பாய்களைப் பெற்று ஆட்டத்தின் போக்கையே மாற்றியிருக்கலாம். அவரோ, தாம் முன்பே திட்டமிட்டிருந்தபடி ஓரச் சிப்பாயை முன்னே நகர்த்தினார். அவ்வாட்டத்தில் கார்ல்சன் வென்றார். இறுதியில் பட்டமும் அவரிடமே தங்கியது. பரிசை எதிர்பார்க்காத வேளையில் அதை எடுக்கத் தவறுவது உண்டு என்ற பொருளில் ஆனந்த் பின்னர் குறிப்பிட்டார். ஐந்து முறை உலகப் பட்டம் வென்றவரின் இச்சொல்லில் நமக்கெல்லாம் பாடம் இருக்கிறது. எதிராளி காயை நகர்த்திய அக்கணமே பலகை புதியதாகிவிடுகிறது. நமது பழைய திட்டம் அதன் பின்னும் பொருந்துமா என்று பார்த்தல் வேண்டும்.

மீண்டும் ஒரு பார்வை

2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில், டிங் லிரனும் சென்னையின் குகேஷும் சமப் புள்ளிகளுடன் 14-ஆம் ஆட்டத்தை ஆடினர். குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்தபோதிலும், ஆட்டம் சமநிலையை நோக்கியே சென்றது. 55-ஆம் நகர்வில் டிங், யானைகளை மாற்றிக்கொள்ள வழிவிட்டார். காய்கள் குறைந்தால் தொல்லை குறையும் என்பது பலரின் நம்பிக்கை. ஆனால், மூலையில் நின்ற டிங்கின் அமைச்சருக்கு வெளியேற வழியில்லை. யானைகள் அகன்றதும் அமைச்சர்களும் மாற்றப்பட்டு, எஞ்சிய அரசன்–சிப்பாய் ஆட்டம் குகேஷுக்கு வெற்றியாயிற்று. 18 வயதில் அவர் உலக வாகையரானார்.

அத்தருணத்தில் குகேஷும் வேறொரு நகர்வை ஆடவே முற்பட்டிருந்தார்; அமைச்சரின் சிக்கலைப் பிறகே கண்டதாக அவரே தெரிவித்தார். ஆடுவதற்கு முன் மீண்டும் ஒருமுறை பலகையைப் பார்த்தார். பட்டத்தைத் தீர்மானித்தது அந்தப் பார்வையே.

நாம் செய்யக்கூடியவை

எதிராளி நகர்த்தியதும் இரு கேள்விகளைக் கேட்போம். இக்காய் எதைத் தாக்குகிறது? எதைக் காக்காமல் விட்டு வந்தது? முதற்கேள்வியைப் பலரும் கேட்கிறோம். இரண்டாவதைக் கேட்பவர் சிலரே.

நமது நகர்வை முடிவு செய்தபின், காயைத் தொடாமல், எதிராளியின் இடத்திலிருந்து பலகையைப் பார்ப்போம். அவரால் தரக்கூடிய செக்குகள், வெட்டுகள், நேரடி மிரட்டல்கள் ஆகியவற்றை இதே வரிசையில் சரிபார்ப்போம். தொட்ட காயை ஆடியே தீர வேண்டும் என்பது விதியாதலால், கையைச் சற்றே தள்ளி வைத்திருப்பதும் நல்ல பழக்கமே.

காய்களை மாற்றிக்கொள்ளும் முன், எல்லா வெட்டுகளும் முடிந்தபின் பலகையில் எஞ்சுவது என்ன என்பதை மனத்தில் வரைந்து பார்ப்போம்.

நாள்தோறும் சில புதிர்களை விடுவிக்கலாம். அவற்றுள் தாக்கும் புதிர்களோடு தற்காக்கும் புதிர்களும் கலந்திருக்கட்டும். மெட்ரோ பயணத்தில் கைப்பேசியில் ஆடும் மூன்று நிமிட ஆட்டங்கள் மகிழ்ச்சி தரலாம். நிதானம் பழக, வார இறுதியில் அரைமணி நேர ஆட்டம் ஒன்றேனும் வேண்டும். தோற்ற ஆட்டத்தைக் கணினியிடம் கொடுக்கும் முன், தவறு நேர்ந்த இடத்தை நாமே தேடிக் கண்டு, அப்போது நாம் எதைப் பார்க்காமல் விட்டோம் என்பதை ஒரு வரியில் எழுதி வைப்போம். சில வாரங்களில் அக்குறிப்பேடு நமது பலவீனத்தைத் தெளிவாகக் காட்டும்.

பிள்ளை தோற்று வரும் நாளில், "ஏன் தோற்றாய்?" என்பதைக் காட்டிலும் "எந்த இடத்தில் பார்க்காமல் ஆடினாய்?" என்று கேட்பது பயனுடையது. முதற்கேள்விக்குக் கண்ணீரே விடையாகும். இரண்டாவதற்குப் பிள்ளை பலகையைக் கொண்டுவந்து வைக்கும்.